கார்த்திகை மழையும் தேனீப் பெட்டியும்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

குளிர்காலத்தில் தேனீப் பெட்டிகளைக் கவனித்துக்கொள்வது பற்றிப் பேச வேண்டும் என்று கூப்பிட்டபோது எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. வேலூரைப் பற்றி நம்மூரில் பழைய கிண்டல் ஒன்று உண்டு: தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். சாமி 1981இலேயே கோயிலுக்குத் திரும்பிவிட்டார், கிண்டல்தான் இன்னும் போகவில்லை. அந்தப் பட்டியலில் குளிர் இல்லாத குளிர்காலத்தையும் சேர்த்துவிடலாம் என்று தோன்றியது. ஆனாலும் ஐப்பசியிலிருந்து மார்கழி வரைக்கும் நம் பக்கத்துப் பெட்டிகள் காலியாவது உண்மை. காரணம் குளிர் இல்லை, பட்டினி.

பனி கொட்டும் நாடுகளில் கதை வேறு. அங்கே இத்தாலியத் தேனீக்கள் நான்கைந்து மாதம் வெளியே தலைகாட்டாமல் பெட்டிக்குள் பந்து போலத் திரண்டு கிடக்கும். இறக்கையை விரிக்காமல் இறக்கைத் தசையை மட்டும் நடுங்கவைத்துச் சூடு உண்டாக்கும். அந்தப் பந்தின் நடுவில் தேனீக் குஞ்சான புழு இருந்தால், வெளியே தண்ணீர் உறைந்தாலும் உள்ளே 34, 35 டிகிரி இருக்கும். இந்த அடுப்புக்கு விறகு தேன்தான். அதனால் அங்கே ஒரு பெட்டிக்கு 20, 30 கிலோ, கடுங்குளிர் பகுதிகளில் அதற்கு மேலும், தேனை எடுக்காமல் விட்டுவைப்பார்கள். நம் நாட்டு வகையான அடுக்குத் தேனீ வருஷம் முழுக்க உழைத்தாலும் அவ்வளவு சேர்க்காது. அப்படிச் சேர்க்க அதற்குத் தேவையும் இல்லை, இங்கே ஏதாவது ஒரு செடி பூத்துக்கொண்டேதான் இருக்கும். சிக்கல் பூவில் இல்லை, பூவுக்குப் போய் வருவதில் இருக்கிறது. அடைமழை பிடித்தால் தேனீ பறக்காது. மழை விட்டுப் போய்ப் பார்த்தால், பூவில் இருந்த தேனும் மகரந்தமும் பாதி கழுவிப் போயிருக்கும்.

நான் இதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பெட்டி வைத்த முதல் வருஷம் என்னிடம் ஆறு பெட்டிகள். பங்குனியில் வேம்பும் புங்கனும், அதற்கப்புறம் புளியும் பூத்து நல்ல வரத்து. பெட்டியின் மேலே தேன் அறையில் இருந்ததோடு நிறுத்தியிருக்கலாம். ஆனியில் கீழே, குஞ்சு வளரும் புழு அறையில், அடை கட்டிய சட்டங்களின் ஓரத்தில் இருந்த தேனையும் விடாமல் வழித்து எடுத்தேன். கார்த்திகையில் ஐந்து நாள் விடாத மழை. ஆறாம் நாள் வெயில் வந்ததும் போய்ப் பார்த்தேன். நான்கு பெட்டிகளில் ஒரு தேனீ கூட இல்லை. செத்த ஈயும் இல்லை. யாரோ திருடிவிட்டார்கள் என்று ஊரெல்லாம் விசாரித்தது இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. திருடியது நான்தான். உள்ளே சாப்பிட ஒன்றும் இல்லையென்றால் அடுக்குத் தேனீ வீட்டைக் காலி செய்துகொண்டு கிளம்பிவிடும், அது அதன் குணம். ஐந்தாவது பெட்டி கிளம்பக்கூட முடியாமல் போயிருந்தது. அடையில் ஒவ்வோர் அறையிலும் ஓர் ஈ தலையை உள்ளே விட்டபடி, பின்புறம் மட்டும் வெளியே தெரிய, செத்துக் கிடந்தது. கடைசிச் சொட்டை நக்கப் போன நிலை. அதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

அதனால் குளிர்காலப் பராமரிப்பு என்பது என்னைப் பொறுத்தவரை ஆனி மாதத் தேன் எடுப்பிலேயே தொடங்குகிறது. புழு அறையில் இருக்கும் தேன் ஈயுடையது, அதில் கை வைக்கக் கூடாது. இப்போது பெரும்பாலும் நாம் வைத்திருப்பது, சுமார் நூறு வருஷத்துக்கு முன்னால் திருச்சிப் பக்கம் நியூட்டன் என்ற பாதிரியார் அமைத்த பெட்டியின் வழிவந்தது. கீழறையில் ஏழு சட்டம். புரட்டாசி முடிவில் பெட்டியின் பின்பக்கத்தை ஒரு கையால் லேசாகத் தூக்கிப் பார்ப்பேன். கனமாக இருந்தால் அடுத்த பெட்டிக்குப் போய்விடலாம். அட்டைப் பெட்டி மாதிரி லேசாகத் தூக்கினால், அன்றைக்கே கடைக்குப் போய்ச் சர்க்கரை வாங்க வேண்டும்.

சர்க்கரைப் பாகு என்றால் பலகாரத்துக்குக் காய்ச்சுகிற கம்பிப் பாகு இல்லை. ஒரு டம்ளர் தண்ணீரைக் கொதிக்கவைத்து, அடுப்பை அணைத்துவிட்டு, ஒரு டம்ளர் வெள்ளைச் சர்க்கரையைக் கொட்டிக் கலக்கினால் போதும். சர்க்கரையைப் போட்டபின் காய்ச்சிக் கருகவிட்டால் அது ஈயின் வயிற்றுக்கு ஆகாது. வெல்லம், கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை எதுவும் வேண்டாம். நமக்கு நல்லது என்று நாம் நினைப்பதெல்லாம் ஈக்கு நல்லதில்லை, வெல்லத்தில் இருக்கும் கசடு அதற்கு வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும். கடையில் வாங்கிய தேனும் கூடாது, எந்தக் கூட்டத்து நோய் அதில் வருகிறதோ தெரியாது. நன்றாக ஆறிய பாகை ஒரு கொட்டாங்குச்சியில் ஊற்றி, ஈ மூழ்காமல் ஏறி நிற்க நாலைந்து குச்சியோ கொஞ்சம் வைக்கோலோ போட்டுப் பெட்டிக்குள்ளே வைக்க வேண்டும். ஒரு தடவைக்கு ஒரு டம்ளர், வாரம் இரண்டு தடவை. மழை விடாமல் பிடித்தால் அதற்கு மேலும் வைப்பேன்.

வைக்கும் நேரம் முக்கியம். விளக்கு வைக்கிற நேரத்தில், எல்லாப் பெட்டிக்கும் ஒரே நாளில். பகலில் வைத்தால் வாசனைக்குப் பக்கத்துப் பெட்டி ஈக்கள் திருட வரும். வாசலில் சண்டை மூண்டு, பலம் குறைந்த குடும்பம் அழிந்துபோகும். திருட வந்த ஈ வெறுங்கையோடும் போகாது, நோயையும் தூக்கிக்கொண்டு போகும். 1990களின் தொடக்கத்தில் தாய்லாந்தின் பெயரால் தாய் சாக்புரூட் எனப்படும், தேனீப் புழுக்களைத் தாக்கும் நோய் தென்னிந்தியா முழுக்க அடுக்குத் தேனீப் பெட்டிகளில் பெரும்பகுதியைத் துடைத்துப் போட்டது. பழைய ஆட்கள் இன்னும் அதை நடுக்கத்தோடுதான் சொல்வார்கள். பாகு கீழே ஒரு சொட்டுச் சிந்தினாலும் துடைத்துவிடுங்கள்.

முதல் தடவை நான் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தபோது என் சம்சாரம், "இன்னாங்க, தேன் குடுக்கும்னு பூச்சி வாங்கனீங்க, இப்ப அதுக்கு நீங்க பாகு காய்ச்சறீங்களா?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. பாகு என்பது கைமாற்று மாதிரி, பஞ்சம் தாண்டும் வரைக்கும்தான். பாகு வைக்கும்போது மேலே தேன் அறை இருக்கக் கூடாது, கழற்றி எடுத்து உள்ளே வைத்துவிட வேண்டும். பூ வரத்து இருக்கும் மாதத்திலும் பாகு ஊற்றி, அடையில் நிரப்பி, வழித்துத் தேன் என்று விற்கிறவர்கள் இருக்கிறார்கள். ஈ வாயில் பட்டுவிட்டதால் சர்க்கரை தேனாகிவிடாது, அது கலப்படம்தான்.

அடுத்தது பெட்டி. பெட்டியைத் திறப்பதென்றால் வெயில் ஏறிய பிறகு, பத்து மணிக்கு மேல், சட்டென்று பார்த்துவிட்டு மூட வேண்டும். ஏழு சட்டத்தில் நான்கை மட்டுமே ஈ மூடியிருந்தால், மீதி மூன்றையும் எடுத்துவிட்டு ஒரு தடுப்புப் பலகை வையுங்கள். ஈ உட்காராத அடையில்தான் மெழுகுப் பூச்சி முட்டை வைத்து நூலாம்படை கட்டும். இரண்டு கைப்பிடி ஈயோடு ஒரு பெட்டி இருக்கிறதா? இரக்கப்படாதீர்கள். மோசமான ராணியை எடுத்துவிட்டு, சாயங்காலம் அந்தப் பெட்டியைப் பக்கத்துப் பெட்டியின் மேல் ஏற்றி, நடுவில் ஊசியால் குத்திய ஒரு செய்தித்தாளை வையுங்கள். ஈக்கள் தாளைக் கடித்துக் கிழித்து முடிப்பதற்குள் வாசனை கலந்து ஒரே குடும்பமாகிவிடும். இரண்டு நோஞ்சான் பெட்டிகளைத் தைக்குக் கொண்டுபோவதைவிட ஒரு நல்ல பெட்டியைக் கொண்டுபோவது மேல். என் அனுபவத்தில் இதைச் செய்யத்தான் பலருக்கும் மனசு வருவதில்லை, பெட்டி எண்ணிக்கை குறைகிறதே என்று.

கிளம்பப் போகிற கூட்டத்தையும் முன்கூட்டியே கண்டுகொள்ளலாம். அடையில் முட்டையோ புழுவோ இருக்காது, மகரந்தம் வராது, ஈக்கள் சட்டத்தில் நிலைகொள்ளாமல் ஓடும். அப்போது பாகோடு, நல்ல பெட்டியிலிருந்து புழு இருக்கும் ஒரு சட்டத்தை ஈயை உதறிவிட்டுக் கொடுங்கள். புழுவை விட்டுவிட்டுக் கிளம்ப அவற்றுக்கு அவ்வளவு சீக்கிரம் மனசு வராது.

மழைநீர் உள்ளே தேங்காமல் பெட்டியைக் கொஞ்சம் முன்பக்கம் சாய்த்து வைப்பது, கூரைத் தகரத்தின் மேல் ஒரு கல், வாசலைப் பாதியாகக் குறுக்குவது, இதெல்லாம் உங்களுக்கே தெரியும். கால்களுக்கு அடியில் தண்ணீர் ஊற்றி வைக்கும் எறும்புக் கிண்ணத்தை மட்டும் தினம் பாருங்கள். ஒரு புளிய இலைக் காம்பு குறுக்கே விழுந்தால்கூட எறும்புக்கு அது பாலம்.

மார்கழி பாதியில் மழை ஓய்ந்து, வரப்பில் தும்பை வெள்ளையாகப் பூத்திருக்கும். கொள்ளும் இருக்கும். ஏலகிரி, ஜவ்வாது மலைப் பக்கம் பெட்டி வைத்திருப்பவர்கள் காலைப் பனி விலக இன்னும் கொஞ்சம் காத்திருக்க வேண்டும். குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கத்து நண்பர்களுக்கு ஒன்று: தையில் மா பூத்தவுடன் தத்துப்பூச்சிக்கு மருந்து அடிப்பார்கள். மழை முழுக்கக் காப்பாற்றிய பெட்டி ஒரே காலையில் போய்விடும். தோப்புக்காரரிடம் இப்போதே பேசி வையுங்கள், பூ மலர்ந்திருக்கும்போது அடிக்காமல் இருக்க முடியுமா என்று கேளுங்கள். அடித்தே ஆக வேண்டும் என்றால் சாயங்காலம் அடிக்கச் சொல்லி, என்றைக்கு அடிக்கிறார்கள் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

பாகை எப்போது நிறுத்துவது என்று பலர் கேட்கிறார்கள். அதை நான் முடிவு செய்வதில்லை. ஒருநாள் காலையில் பெட்டியைத் திறந்தால், முந்தின நாள் ஊற்றிய பாகு கொட்டாங்குச்சியில் அப்படியே இருக்கும், ஒரு ஈ கூட அதில் வாய் வைத்திருக்காது. வெளியே முருங்கை பூத்திருக்கும். அன்றைக்குக் கொட்டாங்குச்சிகளை எடுத்துக் கழுவிக் கவிழ்த்துவிடுவேன்.

வணக்கம்.