விளக்குகளுக்குப் பின்னால் வாழ்ந்தவர்கள்: லாஸ் வேகஸ் தொழிலாளர்களின் நினைவுகள்

அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்காவின் சூதாட்ட நகரமான லாஸ் வேகஸுக்கு விளையாடப் போனவர்களின் கதைகளை நாம் நிறையக் கேட்டிருக்கிறோம். அதே ஊரில் முப்பது, நாற்பது வருடம் படுக்கை விரிப்பு மாற்றியவர்கள், தட்டு கழுவியவர்கள், சூதாட்ட மேஜையில் சீட்டுப் போட்டவர்கள் எதையெல்லாம் நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று இன்று சொல்ல விரும்புகிறேன்.

அந்த ஊரில் ஒரு ஹோட்டலுக்கு வயதாகிவிட்டால் வெடி வைத்துத் தகர்த்துவிடுவார்கள். 1993-ல் டியூன்ஸ், 1996-ல் சாண்ட்ஸ், 2007-ல் ஸ்டார்டஸ்ட், 2024 அக்டோபரில் டிராபிகானா. ஒவ்வொரு முறையும் கூட்டம் கூடி வேடிக்கை பார்க்கும். கட்டடம் போனால் அங்கே உழைத்தவர்களின் சுவடும் சேர்ந்து போய்விடும். அதனால் அங்கே ஒரு முதியவரின் ஞாபகத்துக்கு மற்ற ஊர்களில் இருப்பதைவிட மதிப்பு அதிகம். லாஸ் வேகஸில் உள்ள நெவாடா பல்கலைக்கழகம் இதைப் புரிந்துகொண்டு 2003-ல் வாய்மொழி வரலாற்று மையம் ஒன்றைத் தொடங்கியது. அதன் முதல் இயக்குநர் கிளேட்டி ஒயிட். ஊரின் பழைய ஆட்களை உட்காரவைத்து, கேள்வி கேட்டு, பதிவு செய்கிறார்கள். எனக்கு இது மிகப் பெரிய காரியமாகத் தெரிகிறது.

ஊரின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1905 மே மாதம் ரயில் கம்பெனி மனைகளை ஏலம் விட்டதில் உருவான ஊர். 1930-ல்கூட மக்கள்தொகை ஐயாயிரத்துச் சொச்சம்தான். 1931-ல் இரண்டு விஷயங்கள் சேர்ந்து நடந்தன. நெவாடா மாநிலம் சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கியது. பக்கத்திலேயே கொலராடோ நதியில் ஹூவர் அணை வேலை தொடங்கியது. ஆயிரக்கணக்கான அணைத் தொழிலாளர்களில் கறுப்பினத்தவர் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். வேலை கொடுக்கவில்லை என்பதுதான் காரணம், அவர்கள் கேட்காமல் இல்லை.

அப்புறம் இரண்டாம் உலகப் போர் வந்தது. பக்கத்தில், இன்றைய ஹெண்டர்சன் நகரம் இருக்கும் இடத்தில் மெக்னீசியம் ஆலை ஒன்று எழுந்தது. லூசியானாவின் டலுலா, ஆர்கன்சாவின் ஃபோர்டைஸ் போன்ற சின்ன ஊர்களிலிருந்து பருத்திக் காட்டு வேலையை விட்டுக் கறுப்பினக் குடும்பங்கள் கிளம்பி வந்தன. ஒருவர் வந்து வேலையில் சேர்ந்ததும் தம்பிக்கும் மச்சானுக்கும் கடிதம் போடுவார், அவர்களும் வந்துவிடுவார்கள். இவர்கள் குடியேற முடிந்தது ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், வெஸ்ட்சைட் என்ற பகுதியில் மட்டும்தான். தார் போடாத தெருக்கள், பலகையால் அடித்த வீடுகள். ஆனால் அங்கே வளர்ந்தவர்கள் பேசும்போது குறையோடு நிறுத்துவதில்லை. ஜாக்சன் தெருவின் கடைகள், ஞாயிற்றுக்கிழமை தேவாலயம், பிள்ளைகளை ஊரே சேர்ந்து கண்டித்து வளர்த்தது எல்லாவற்றையும் ஆசையோடு சொல்கிறார்கள்.

போர் முடியும் முன்பே ஆலை வேலை முடிந்துவிட்டது. ஸ்ட்ரிப் என்று அழைக்கப்படும் நெடுஞ்சாலையில் ஹோட்டல்கள் வரிசையாக எழும்பின. வெஸ்ட்சைட் பெண்கள் அங்கே அறை சுத்தம் செய்யப் போனார்கள், ஆண்கள் சமையலறைக்கும் சுமை தூக்கவும் போனார்கள். விருந்தாளி கண்ணில் படும் வேலைகள், அதாவது சீட்டுப் போடுவது, மது பரிமாறுவது போன்றவை இவர்களுக்குக் கிடையாது. பாட வந்த கறுப்பின நட்சத்திரங்களுக்கே அந்த நிலைதான். நாட் கிங் கோல், சாமி டேவிஸ் ஜூனியர் போன்றவர்கள் மேடையில் பாடிக் கைதட்டு வாங்கிவிட்டு, தூங்குவதற்கு வெஸ்ட்சைடில் உள்ள வாடகை அறைக்குப் போக வேண்டியிருந்தது. நிறவேற்றுமைக்குப் பேர்போன தெற்கு மாநிலமான மிசிசிப்பியை வைத்து, மேற்கின் மிசிசிப்பி என்று அந்த ஊருக்குப் பெயரே இருந்தது.

1955 மே மாதம் மூலான் ரூஜ் திறந்தது. கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து உட்காரக்கூடிய முதல் பெரிய சூதாட்ட ஹோட்டல் அது. குத்துச்சண்டை வீரர் ஜோ லூயிஸ் வாசலில் நின்று வரவேற்பார். ஸ்ட்ரிப்பில் வேலை முடித்த கலைஞர்கள் நள்ளிரவுக்கு மேல் இங்கே வந்துவிடுவார்கள். அந்த இரவுகளைப் பார்த்தவர்கள் வாழ்நாள் முழுக்க அதையே பேசினார்கள். ஆனால் ஹோட்டல் ஆறு மாதம்கூட ஓடவில்லை. 1960 மார்ச்சில் கறுப்பினத் தலைவரும் பல் மருத்துவருமான ஜேம்ஸ் மெக்மில்லன், நிறவேற்றுமையைக் கைவிடாவிட்டால் ஸ்ட்ரிப்பில் ஊர்வலம் போவோம் என்று எச்சரித்தார். ஊர்வலம் நடந்தால் வியாபாரம் கெட்டுவிடும் என்ற பயத்தில் முதலாளிகள் இறங்கி வந்தார்கள். பேச்சுவார்த்தை நடந்து ஒப்பந்தம் ஆனது அதே மூலான் ரூஜில்தான். விருந்தாளியாக உள்ளே போகும் உரிமை அதில் கிடைத்தது. நல்ல வேலை கிடைக்க 1971-ல் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

1950-களை நினைவுகூர்பவர்கள் தவறாமல் சொல்லும் இன்னொரு விஷயம் அணுகுண்டு. ஊரிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தூரத்தில் 1951 முதல் சோதனைகள் நடந்தன. விடியற்காலையில் பிள்ளைகளை எழுப்பி மொட்டைமாடிக்குக் கூட்டிப்போய் அந்த வெளிச்சத்தைக் காட்டினார்கள். ஆபத்தில்லை என்று அரசாங்கம் சொன்னது, ஜனங்கள் நம்பினார்கள். கதிர்வீச்சைச் சுமந்த காற்று போன திசையில் வாழ்ந்தவர்களுக்கான நஷ்டஈட்டுச் சட்டம் 1990-ல்தான் வந்தது. அதற்குள் எத்தனையோ பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

சரி, வேலைக்கு வருகிறேன். சீட்டுப் போடுபவர் மேஜையை விட்டு எழும்போது இரண்டு கையையும் தட்டி, உள்ளங்கையைத் திருப்பிக் காட்டுவார், எதையும் எடுக்கவில்லை என்பதற்கு. கேமரா வருவதற்கு முன்பு கூரைக்கு மேலே நடைபாதை அமைத்து ஆட்கள் கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நல்ல இடத்தில் வேலை கிடைக்கச் சிபாரிசு வேண்டும். காசு போட்டு ஆடும் சூதாட்ட இயந்திரக் கூடத்தில் சில்லறை கொடுத்த பெண்கள் ஷிப்ட் முடியும்போது விரலெல்லாம் கறுத்துப்போய் வீடு திரும்பினார்கள். 2000-க்குப் பிறகு இயந்திரங்கள் காசுக்குப் பதில் காகிதச் சீட்டைத் துப்பத் தொடங்கியதும் அந்த வேலையே இல்லாமல் போனது.

என் மனதை அதிகம் தொட்டவர்கள் இரண்டு பெண்கள். ரூபி டங்கன் டலுலாவிலிருந்து வந்தவர். ஹோட்டல் சமையலறையில் வழுக்கி விழுந்து அடிபட்டு, வேலை பார்க்க முடியாமல், பிள்ளைகளோடு அரசு உதவித்தொகையை நம்பி வாழ்ந்தார். மாநில அரசு ஆயிரக்கணக்கான தாய்மார்களின் உதவித்தொகையை வெட்டியது. 1971 மார்ச் 6 அன்று அவர் தலைமையில் ஆயிரக்கணக்கானவர்கள் ஸ்ட்ரிப்பில் நடந்து, சீசர்ஸ் பேலஸ் என்ற பெரிய சூதாட்ட ஹோட்டலுக்குள்ளேயே நுழைந்தார்கள். ஆட்டம் நின்றது. அதே மாதத்தில் நீதிமன்றம் உதவித்தொகையைத் திரும்பக் கொடுக்கச் சொன்னது. பிறகு இந்தத் தாய்மார்கள் வெஸ்ட்சைடில் மருத்துவ நிலையமும் நூலகமும் நடத்தினார்கள். பணம் எங்கே புரள்கிறதோ அங்கே போய் நின்றால்தான் காது கேட்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

ஹாட்டி கான்டி அலபாமாவில் பிறந்தவர், பத்துப் பிள்ளைகளின் தாய். 1975-ல் கணவர் இறந்த பிறகு குடும்பத்தைத் தனியாகத் தாங்கினார். ஹோட்டலில் அறை சுத்தம் செய்தார். சமையல், பரிமாறல், துப்புரவுத் தொழிலாளர்களின் சங்கமான கலினரி 226-ல் சேர்ந்து, 1990-ல் அதன் தலைவரானார்.

அடுத்த வருடமே பெரிய சோதனை வந்தது. 1991 செப்டம்பர் 21 அன்று ஃபிரான்டியர் ஹோட்டலின் 550 தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஆறு வருடம், நான்கு மாதம், பத்து நாள் நடந்தது. இருபத்துநாலு மணி நேரமும் வாசலில் மறியல். அந்த ஊரின் கோடை வெயில் 43 டிகிரியைத் தாண்டும், அதில் பகல் ஷிப்ட். பனிக்கால இரவில் இன்னொரு ஷிப்ட். அந்தக் காலத்துக்குள் சிலர் இறந்துபோனார்கள். நூறு குழந்தைகளுக்கு மேல் பிறந்தன. அந்த 550 பேரில் ஒருவர்கூட மறியலைத் தாண்டி உள்ளே வேலைக்குப் போகவில்லை. வீட்டு வாடகையும் பிள்ளை படிப்பும் கழுத்தை நெரிக்கும்போது ஆறு வருடம் அப்படி நிற்பது என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள். 1998 பிப்ரவரியில் ஹோட்டல் புதிய முதலாளி கைக்கு மாறியதும் ஒப்பந்தம் ஆனது, வேலையும் திரும்பக் கிடைத்தது.

அறை சுத்தம் செய்யும் ஒரு பெண் சொந்த வீடு வாங்கி, மருத்துவக் காப்பீடும் ஓய்வூதியமும் பெறக்கூடிய ஊராக லாஸ் வேகஸ் இருப்பது இந்தப் போராட்டங்களால்தான். மெக்ஸிகோ, எல் சால்வடோர், பிலிப்பைன்ஸ், எத்தியோப்பியா என்று எங்கெங்கோ இருந்து பின்னால் வந்தவர்கள் சேர்ந்ததும் அதே சங்கத்தில்தான். 2020 மார்ச்சில் கொரோனாவால் எல்லாச் சூதாட்டக் கூடங்களும் எழுபத்தெட்டு நாள் மூடப்பட்டபோது, வேலை இழந்தவர்களைத்தான் முதலில் திரும்ப அழைக்க வேண்டும் என்று 2021-ல் சட்டம் போடவைத்ததும் இவர்களே.

ஃபிரான்டியரையும் 2007-ல் இடித்துவிட்டார்கள். வெஸ்ட்சைட் பெண்களின் குரல்கள் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன, எழுத்து வடிவத்திலும் கிடைக்கின்றன. அந்த ஊருக்குப் போகிறவர்கள் ஒரு பிற்பகலை நூலகத்துக்கு ஒதுக்குங்கள். போகாதவர்கள் இணையத்தில் தேடிப் படிக்கலாம். கேள்விகள் இருந்தால் இப்போது கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். நன்றி.