பின்னால் நின்று பார்த்தவர்

நேயர்களுக்கு வணக்கம்.

கால்பந்து பற்றிப் பேசுங்கள் என்று நிலையத்தார் கேட்டபோது, பெலே, மரடோனா, மெஸ்ஸி என்று யாரையாவது எடுத்துக்கொள்வேன் என்று நினைத்திருப்பார்கள். எனக்கு அதில் ஒரு சின்னச் சங்கடம். கல்லூரி நாள்களில் நான் ஆடியது பின்வரிசையில். கோல் போட்டவனைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானம் சுற்றுவார்கள். கோல் விழாமல் காத்தவன் ஓரமாக உட்கார்ந்து தன் காலில் இருக்கும் சேற்றைத் தானே சுரண்டிக்கொண்டிருப்பான். அந்தப் பழைய மனத்தாங்கலோடுதான் இன்றைக்கு ஒரு தடுப்பாட்டக்காரரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பெயர் ஜாக் சார்ல்டன்.

சார்ல்டன் என்றதும் உங்களில் பலருக்கு பாபி சார்ல்டன்தான் நினைவுக்கு வந்திருப்பார். மான்செஸ்டர் யுனைடெட்டின் பாபி. அவர் இவருடைய தம்பி. ஜாக்குக்கு வாழ்நாள் முழுக்க இதே தொல்லைதான்.

இங்கிலாந்தின் வடகிழக்கே, நார்தம்பர்லண்டில் ஆஷிங்டன் என்று ஓர் ஊர். நிலக்கரிச் சுரங்கத்தை நம்பிப் பிழைத்த ஊர். அங்கே 1935 மே 8-ஆம் தேதி ஜாக் பிறந்தார். அப்பா சுரங்கத் தொழிலாளி. அம்மா சிஸ்ஸியின் பிறந்த வீடு கால்பந்து வீடு. அவருடைய சகோதரர்கள் நான்கு பேர் தொழில்முறை ஆட்டக்காரர்கள். நியூகாசில் ரசிகர்கள் கொண்டாடிய ஜாக்கி மில்பர்ன் அவருக்கு ஒன்றுவிட்ட சகோதரர். பிள்ளைகளோடு பந்து உதைத்து விளையாடியதும் அந்த அம்மாதான். தம்பி பாபி காலில் பந்து சொன்னபடி கேட்டது. அண்ணன் ஜாக் நெடுநெடுவென்று வளர்ந்தார், கழுத்தும் நீளம். பின்னாளில் ஒட்டகச்சிவிங்கி என்றே பட்டப்பெயர் வந்தது.

பதினைந்து வயதில் லீட்ஸ் யுனைடெட் கிளப் தேர்வாட்டத்துக்குக் கூப்பிட்டது. ஜாக் போகவில்லை. அப்பாவைப் போலச் சுரங்கத்துக்குப் போனார். உள்ளே இறங்கிப் பார்த்த பிறகுதான் அது என்ன வேலை என்று புரிந்தது. கொஞ்ச நாளில் வேலையை விட்டுவிட்டுப் போலீசுக்கு மனுப் போட்டார். அங்கே நேர்முகத் தேர்வு வைத்த நாளும் லீட்ஸின் தேர்வாட்டமும் ஒன்றாக வந்து நின்றன. இந்த முறை பந்தின் பக்கம் போனார்.

1953-இல் லீட்ஸுக்கு முதல் ஆட்டம். 1973-இல் கடைசி ஆட்டம். நடுவே 773 ஆட்டங்கள், அந்தக் கிளப்பின் சாதனை அது. வேறு எந்தக் கிளப்புக்கும் அவர் ஆடியதில்லை. ஆனால் முதல் பத்து வருடம் ஒன்றும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. கிளப் லீக்கின் மேல்தட்டான முதல் டிவிஷனிலிருந்து இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது. இவரும் வாயாடி, பொறுப்பில்லாமல் ஆடுகிறவர். சக ஆட்டக்காரராக இருந்த டான் ரெவி ஒருநாள், நான் மேனேஜராக இருந்தால் உன்னை ஆட்டத்தில் சேர்க்கவே மாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். 1961-இல் அதே ரெவி மேனேஜராக வந்து உட்கார்ந்தார்! அப்புறம் என்ன, ஜாக் திருந்தித்தான் ஆக வேண்டியிருந்தது. ரெவியின் கீழ் லீட்ஸ் 1964-இல் முதல் டிவிஷனுக்கு ஏறியது, 1969-இல் லீக் பட்டம் வென்றது, 1972-இல் எஃப்.ஏ. கோப்பையும் வந்தது.

இதற்கிடையில் அவர் செய்த ஒரு காரியத்தை யாரும் அதிகம் கவனிப்பதில்லை. இருபதுகளில் இருக்கும்போதே லில்லெஷாலில் நடந்த பயிற்சியாளர் வகுப்புகளுக்குப் போய்வந்தார். நல்ல ஆட்டக்காரர் என்று பெயர் வாங்குவதற்கு முன்பே, ஆட்டத்தைச் சொல்லிக்கொடுக்கக் கற்றுக்கொண்டவர் அவர்.

இங்கிலாந்து அணிக்கு அழைப்பு வந்தபோது அவருக்கு முப்பது நிறைய ஒரு மாதம்கூட இல்லை. 1965 ஏப்ரல். ஏன் என்னைப் போய் எடுத்தீர்கள் என்று மேனேஜர் ஆல்ஃப் ராம்சியிடமே கேட்டாராம். என் மனதில் ஒரு ஆட்ட அமைப்பு இருக்கிறது, அதற்குப் பொருந்துகிறவரை எடுக்கிறேன், அவர் சிறந்த ஆட்டக்காரராக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை என்று ராம்சி பதில் சொன்னாராம். வேறு ஒருவராக இருந்தால் அன்றைக்கே முகம் வாடியிருக்கும். ஜாக் இதை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். பிற்பாடு தானும் அதே கணக்கில்தான் அணிகளைக் கட்டினார்.

1966 உலகக் கோப்பை உங்களுக்குத் தெரியும். போர்ச்சுகலோடு அரையிறுதி நடந்தபோது, இரண்டு பிள்ளைகளும் வெம்ப்ளி மைதானத்தில் இருக்க, அப்பா சுரங்கத்தில் ஷிஃப்டில் இருந்தார். இறுதியாட்டத்தில் இங்கிலாந்து 2-1 என்று முன்னால் நிற்க, ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் ஜாக் ஃபவுல் செய்தார் என்று நடுவர் ஃப்ரீ கிக் கொடுத்தார். அதிலிருந்து மேற்கு ஜெர்மனி சமன் செய்துவிட்டது. தடுப்பாட்டக்காரன் பிழைப்பு இதுதான். தொண்ணூறு நிமிஷம் ஒழுங்காக நின்றதை யாரும் எழுதி வைக்க மாட்டார்கள், ஒரு நிமிஷத் தடுமாற்றம் சரித்திரத்தில் ஏறிவிடும். நல்லவேளையாக, கூடுதல் நேரத்தில் 4-2 என்று இங்கிலாந்து வென்றது. விசில் ஊதியதும் ஜாக் அப்படியே முழங்காலில் சரிந்து முகத்தை மூடிக்கொண்டார்.

இப்போது அவர் மேனேஜரான கதைக்கு வருகிறேன். இங்கிலாந்துக் கால்பந்தில் மேனேஜர் என்றால் பைல் பார்க்கிறவர் இல்லை. யாரை வாங்குவது, யாரை விற்பது, யாரை இறக்குவது, எப்படி ஆடுவது எல்லாம் அவர் தலையில்தான். 1973-இல் மிடில்ஸ்பரோ அழைத்தபோது ஜாக் நேர்முகத் தேர்வுக்கு உட்காரவே மறுத்தார். என்னென்ன பொறுப்பு எனக்கு வேண்டும் என்று ஒரு பட்டியலை நீட்டினார். ஒப்பந்தம் எழுதவில்லை, மேனேஜராக எந்தக் கிளப்போடும் எழுதியதில்லை. போட்ட நிபந்தனைகளில் ஒன்று: மீன் பிடிக்கவும் வேட்டைக்கும் வாரத்தில் மூன்று நாள் லீவு! இப்போதைய மேனேஜர் யாராவது இப்படிக் கேட்டால் மறுநாளே அவருக்கு வாரம் முழுக்க லீவு கொடுத்துவிடுவார்கள்.

அங்கேதான் அவருடைய மூளை வேலை செய்த விதம் தெரிந்தது. அந்தக் காலத்தில் பல அணிகளின் பின்வரிசை ஒரே கோடாக முன்னேறி வந்து, எதிரியை ஆஃப்சைடில் மாட்டிவிடும், அதாவது பந்து தட்டப்படும் நேரத்தில் அவன் கடைசித் தடுப்பாளனையும் தாண்டி நின்றால் அது குற்றம். ஜாக் இருபது வருடம் அந்தக் கோட்டில் நின்றவர். அதன் பலவீனம் அவருக்குத் தெரியும். முன்வரிசையில் நிற்கிறவனைத்தான் ஆஃப்சைடில் பிடிக்கலாம், பின்னாலிருந்து ஓடி வருகிறவனை எப்படிப் பிடிப்பது? ஆலன் ஃபாகன் என்ற வேகக்காரரை நடுக்களத்திலிருந்து ஓடவிட்டு, பந்தைத் தடுப்பாளர்களின் தலைக்கு மேலே அனுப்பினார்கள். 1973-74 பருவத்தில் மிடில்ஸ்பரோ இரண்டாம் டிவிஷனை 15 புள்ளி வித்தியாசத்தில் வென்றது. வெற்றிக்கு இரண்டு புள்ளி மட்டுமே கொடுத்த காலம் அது என்பதை நினைவில் வையுங்கள்.

அதே பருவத்தில் தம்பி பாபியும் பிரெஸ்டன் என்ற கிளப்புக்கு மேனேஜராக இருந்தார். பிரெஸ்டன் அந்த வருடம் கீழ் டிவிஷனுக்கு இறங்கியது. காலில் இவ்வளவு வித்தை வைத்திருந்தவருக்கு அடுத்தவர் காலை ஆட்டிவைக்க வரவில்லை. வித்தை குறைந்த அண்ணனுக்கு வந்தது. எனக்கு இதில் பெரிய வியப்பு இல்லை. இயல்பாக வந்த ஒன்றை எப்படிச் சொல்லிக்கொடுப்பது? திக்கித் திணறிக் கற்றவனுக்குத்தான் ஒவ்வொரு படியும் ஞாபகம் இருக்கும்.

1977-இல் இங்கிலாந்து அணியின் மேனேஜர் பதவிக்கு ஜாக் மனுப் போட்டார். பதில் கடிதம்கூட வரவில்லை. இனி எந்த வேலைக்கும் மனுப் போடுவதில்லை என்று சபதம் எடுத்தார். மூன்றாம் டிவிஷனின் அடியில் கிடந்த ஷெஃபீல்ட் வெட்னஸ்டேயை ஏற்று, 1980-இல் ஒரு படி மேலே ஏற்றினார். நியூகாசிலில் ஒரே ஒரு வருடம். ரசிகர்கள் கூச்சல் போட்டார்கள், போய்வருகிறேன் என்று கிளம்பிவிட்டார்.

1986-இல் அயர்லாந்து அழைத்தது. இரு நாடுகளுக்கும் இடையே எவ்வளவு ரத்தமும் வரலாறும் இருக்கிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே போய் ஓர் ஆங்கிலேயர் தேசிய அணியை நடத்துவதா? பிரிட்டிஷ் கொடிக்கு யூனியன் ஜாக் என்று பெயர் அல்லவா, அதை வைத்தே, யூனியன் ஜாக்கே ஊருக்குப் போ என்று பதாகை பிடித்தார்கள்.

அயர்லாந்து அதுவரை எந்தப் பெரிய போட்டிக்கும் தகுதி பெற்றதில்லை. ஜனத்தொகையே முப்பத்தைந்து லட்சம்தான். ஆட்டக்காரர்களுக்கு எங்கே போவது? பாட்டியோ தாத்தாவோ அயர்லாந்தில் பிறந்திருந்தால் போதும் என்று விதி இருந்தது. பிழைப்புத் தேடி இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் போன ஐரிஷ் குடும்பங்களின் பேரப்பிள்ளைகளை ஜாக் தேடினார். ஜான் ஆல்ட்ரிட்ஜைப் பார்க்க ஆக்ஸ்ஃபோர்டு கிளப்புக்குப் போனார். அங்கேயே கிளாஸ்கோவில் பிறந்த ரே ஹாட்டனும் ஆடிக்கொண்டிருந்தார். அவருக்கும் தகுதி உண்டு என்று தெரிய, ஒரே பயணத்தில் இரண்டு பேர்.

ஆட்டமுறை இன்னும் எளிது. தடுப்பாட்டக்காரனுக்குப் பிடிக்காத காரியம் எது என்று தன்னையே கேட்டுக்கொண்டார். தன் கோலைப் பார்த்துத் திரும்பி ஓடுவதுதான். முகம் மைதானத்தைப் பார்த்திருக்கும்வரை அவன் ராஜா. முதுகு காட்டிவிட்டால் பாதி ஆள். ஆகவே பந்தை எதிரணிப் பின்வரிசையின் மூலைகளுக்குப் பின்னால் நீளமாகப் போடு. அவன் திரும்பி ஓடி எடுக்கட்டும். எடுத்ததும் இரண்டு பேர் போய் மேலே விழு, மூச்சுவிடக் கொடுக்காதே. அழகான ஆட்டமா என்றால் இல்லை. லியாம் பிரேடி மாதிரிக் கலைஞருக்கு அதில் இடம் சுருங்கிப்போனது, அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வருத்தம்தான். ஆனால் எதிரில் ஆடியவர்களுக்குத் தலைவலி.

1988 ஜூன் 12, ஸ்டுட்கார்ட். ஐரோப்பியக் கோப்பையில் அயர்லாந்தின் முதல் ஆட்டம், எதிரே இங்கிலாந்து. ஆறாவது நிமிஷத்தில் ஹாட்டன் தலையால் முட்டி ஒரு கோல். மிச்ச நேரமெல்லாம் இங்கிலாந்தின் லினெக்கரும் மற்றவர்களும் முட்டி மோதினார்கள், அயர்லாந்துக் கோல்கீப்பர் பாக்கி பானர் விடவில்லை. 1-0. மனுவுக்குப் பதில் போடாதவர்களுக்கு இதுவே பதில் என்று ஜாக் நினைத்தாரா என்று தெரியாது. நானாக இருந்தால் நினைத்திருப்பேன்.

1990 இத்தாலி உலகக் கோப்பையில் நடந்தது வேடிக்கை. மூன்று லீக் ஆட்டமும் டிரா. ருமேனியாவைப் பெனால்டி உதைகளில் வென்றார்கள். பானர் ஒன்றைத் தடுக்க, டேவிட் ஓலியரி கடைசி உதையை வலைக்குள் அனுப்பினார். ரோமில் கால் இறுதி. நடுவே வாட்டிகனில் போப்பாண்டவரையும் பார்த்துவிட்டு வந்தார்கள். ஸ்கில்லாச்சி போட்ட ஒரே கோலில் இத்தாலி வென்றது. ஐந்து ஆட்டத்தில் அயர்லாந்து போட்டது மொத்தமே இரண்டு கோல், ஆட்ட நேரத்துக்குள் ஒன்றைக்கூட வெல்லவில்லை! எகிப்தோடு ஆடிய 0-0 ஆட்டத்தைப் பார்த்து வெறுத்துப்போய், முன்னாள் ஆட்டக்காரரான விமர்சகர் ஏமன் டன்ஃபி டிவியிலேயே பேனாவைத் தூக்கி எறிந்தார். அவர் கோபத்திலும் நியாயம் உண்டு. ஆனால் டப்ளின் திரும்பிய அணியை வரவேற்க லட்சக்கணக்கில் ஜனம் தெருவில் நின்றது.

1994-இல் அமெரிக்காவில் அதே இத்தாலியை 1-0 என்று வீழ்த்தினார்கள், கோல் மறுபடி ஹாட்டன். அன்றைக்கு ஆட்டத்தைத் தாங்கியவர் பின்வரிசையில் நின்ற பால் மெக்ராத். முழங்கால்கள் தேய்ந்துபோனவர், குடிப்பழக்கத்தோடு போராடியவர். சில சமயம் ஆட்டத்துக்கு ஆளே வந்து சேர மாட்டார். முரட்டு ஜாக் இவரிடம் மட்டும் தகப்பனைப் போல நடந்துகொண்டார்.

1995 டிசம்பரில் ஹாலந்திடம் தோற்ற பிறகு பதவியிலிருந்து விலகினார். அடுத்த வருடம் அயர்லாந்து அவருக்குக் கௌரவக் குடியுரிமை கொடுத்தது. மதுக்கடைகளில் அவர் எழுதிக்கொடுத்த காசோலையை வங்கியில் போடாமல் பிரேம் போட்டுச் சுவரில் மாட்டினார்கள் என்று ஒரு கதை உண்டு. அந்த நம்பிக்கையில்தான் மனிதர் தாராளமாகக் கையெழுத்துப் போட்டார் என்றும் சேர்த்துச் சொல்வார்கள்.

தம்பியோடு பல வருடம் மனஸ்தாபம். குடும்ப விவகாரம், நமக்கு வேண்டாம். 2008-இல் பிபிசி மேடையில் பாபிக்கு வாழ்நாள் சாதனை விருதைக் கொடுத்தவர் அண்ணன்தான். இருவரையும் முதுமையில் மறதிநோய் பிடித்தது. 1966 இறுதியாட்டத்தில் ஆடிய பதினொரு பேரில் ஐந்து பேருக்கு அந்த நோய் வந்தது. வருடக்கணக்காகத் தலையால் பந்தை முட்டியதற்கும் இதற்கும் உள்ள தொடர்பை மருத்துவ ஆய்வாளர்கள் இப்போது தீவிரமாகப் பார்க்கிறார்கள். ஜாக்கின் பிழைப்பே தலையால் முட்டுவது.

2020 ஜூலை 10-ஆம் தேதி, 85 வயதில் காலமானார். இறுதி ஊர்வலம் ஆஷிங்டன் தெருக்கள் வழியே போனது. கொரோனா காலத்திலும் ஜனம் இரு பக்கமும் வரிசையாக நின்றது.

அயர்லாந்தின் கார்க் விமான நிலையத்துக்குப் போனால் அவருடைய சிலையைப் பார்க்கலாம். மீன்பிடிக்கிற உடுப்போடு உட்கார்ந்திருக்கிறார். பந்து எதுவும் இல்லை. கையில் ஒரு சால்மன் மீன்.

வணக்கம்.