சுல்தான்னா ஆளா, அதிகாரமா?

வணக்கம் நேயர்களே. எனக்கு பத்து நிமிஷம் குடுத்திருக்காங்க, முப்பது வருஷமா நாப்பது நிமிஷ பீரியடா பேசி பழகின வாய் இது, பார்ப்போம். ஹிஸ்டரி வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவன் நான், பழைய காசு சேக்கற கிறுக்கும் உண்டு. இன்னைக்கு ஒரே ஒரு வார்த்தைய பத்தி பேசப்போறேன். சுல்தான். பாதுஷாவும் வரும், அந்த ஸ்வீட்டுக்கும் ராஜாவுக்கும் என்ன சம்பந்தம்னு கேக்கறீங்கல்ல, அது கடைசில.

ஒரு வருஷம் எட்டாங்கிளாஸ்ல ராஜா, சுல்தான், துரைன்னு மூணு பயலுக ஒரே பெஞ்சுல உக்காந்திருந்தானுக. மூணு பேருகிட்டயும் நோட்டு வாங்க காசு இருக்காது. அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது "சுல்தான்"னு கூப்பிட்டா பின்னாடி எவனாவது "வருகிறார் வருகிறார்"ம்பான், கிளாஸே சிரிக்கும். ஒருநாள் அந்தப் பையன் எந்திரிச்சு, சார் சுல்தான்னா என்ன சார் அர்த்தம்னு கேட்டான். ராஜாடான்னு சொல்லிட்டு பாடத்த நடத்த போயிட்டேன். அது தப்பான பதில்னு எனக்கு தெரியவே பல வருஷம் ஆச்சு.

எப்படி தெரிஞ்சுதுன்னா, வைகை ஆத்து மணல சலிச்சு பழைய காசு எடுத்து விக்கறவங்க மதுரைல இருந்தாங்க, அவங்ககிட்ட ஒரு செப்புக்காசு வாங்கினேன். இப்பவும் சட்டைப்பைல இருக்கு, உங்களுக்கு காட்ட முடியாது, ரேடியோ. சட்டை பட்டன விட கொஞ்சம் பெருசு, ஓரம் வட்டமாவும் இல்ல சதுரமாவும் இல்ல, கறுத்துப்போய் கிடந்தது. புளி போட்டு தேய்க்கக்கூடாது, அந்தக் காலத்துல எனக்கு அது தெரியாது, தேய்ச்சேன், பாதி எழுத்து போச்சு. மிச்சத்த ஒரு பள்ளிவாசல் ஹஜ்ரத்துகிட்ட எடுத்துட்டு போனேன். கண்ணாடிய நெத்திக்கு ஏத்தி விட்டுட்டு காச ஜன்னல் வெளிச்சத்துல சாய்ச்சு சாய்ச்சு பாத்தாரு. அப்புறம், சார் இதுல அஸ்-சுல்தான்னு இருக்கு, ஆனா குர்ஆன்ல இந்த வார்த்தை ராஜாவுக்கு வராது தெரியும்லன்னாரு.

எனக்கு தூக்கிவாரிப் போட்டது. பின்ன எதுக்கு வரும்? அத்தாட்சிக்கு வரும், அதிகாரத்துக்கு வரும். தமிழ் தர்ஜுமாவுல, அதான் மொழிபெயர்ப்புல, "தெளிவான அத்தாட்சி"ன்னு படிப்பீங்கல்ல, அந்த அத்தாட்சிங்கற இடத்துல அரபில இருக்கறது சுல்தான். அதாவது முதல்ல அது ஆளே இல்ல. ஒரு பிடி, ஒரு செல்வாக்கு, ஒரு பவர்.

இது என்ன கூத்துன்னு நினைக்காதீங்க, நம்ம ஊர்லயும் இருக்கு. மடத்து தலைவர "சன்னிதானம் எழுந்தருளினாங்க"ன்னு சொல்றோம், சன்னிதானம்ங்கறது இருக்கற இடம், ஆளு இல்ல. தெருவுல "போலீஸ் வந்துடுச்சு"ங்கறோம், வந்தது ஒரே ஒரு கான்ஸ்டபிளா இருக்கும். அந்த மாதிரி அதிகாரத்துக்கு இருந்த பேரு அதிகாரம் பண்றவன் மேல போய் ஒட்டிக்கிச்சு.

யாருக்கு ஒட்டிச்சுங்கறதுதான் விஷயமே. பாக்தாத்ல கலீபா இருந்தாரு, நபிக்கு அப்புறம் சமூகத்துக்கு தலைவர்ங்கற ஸ்தானம். ஆனா 10, 11ஆம் நூற்றாண்டுல கலீபாகிட்ட மரியாதை இருந்துச்சே தவிர படை இல்ல. படை வேற ஆளுக கையில. கஜினி மஹ்மூத முதல் சுல்தான்னு சொல்லுவாங்க, ஆனா முறைப்படி இந்தப் பட்டம் நிலைச்சது செல்ஜுக் துருக்கியர்கிட்ட. அவங்க தலைவர் துக்ரில் பேக் 1055ல படையோட பாக்தாத்துக்குள்ள வர்றாரு, கலீபா அவர சுல்தான்னு ஒத்துக்கறாரு. ஒத்துக்காம என்ன செய்வாரு, வாசல்ல குதிரை நிக்குது. வெள்ளிக்கிழமை குத்பாவுல, அதான் தொழுகை பிரசங்கத்துல, கலீபா பேருக்கு அப்புறம் சுல்தான் பேரு, காசுலயும் ரெண்டு பேரு. இப்பதான் ரேடியோவ போட்டவங்களுக்கு திரும்ப சொல்றேன், கலீபா வேற, சுல்தான் வேற. கலீபா குடுக்கறவர், சுல்தான் வாங்கிக்கறவர், ஆனா கத்தி வாங்கிக்கறவர் கையில.

டெல்லிக்கும் அதே கதைதான். டெல்லிய ஆண்ட இல்துத்மிஷுக்கு 1229ல பாக்தாத்ல இருந்து அங்கீகாரம் வந்துச்சு, அதுக்கப்புறம் அவர் பண்ற ஆட்சிக்கு முத்திரை விழுந்த மாதிரி. அவரு மக ரஸியா 1236ல பட்டத்துக்கு வந்தப்ப, அந்தக் கால வரலாற்றாசிரியர் மின்ஹாஜ் அவங்கள சுல்தான் ரஸியத்னு தான் எழுதறாரு. நாம ரஸியா சுல்தானாங்கறோம், சுல்தானான்னா சுல்தானோட பொண்டாட்டியாவும் இருக்கலாம்ல, அவங்க சுல்தானே.

இதுல தமாஷ் என்னன்னா, 1258ல மங்கோலியர் பாக்தாத்துல புகுந்து கலீபா அல்-முஸ்தஃஸிம கொன்னுட்டாங்க. அதுக்கு எட்டு வருஷம் கழிச்சு டெல்லில பட்டத்துக்கு வந்த பால்பன், தன் காசுல அந்த செத்துப்போன கலீபா பேர அடிக்கிறாரு. தாத்தா போய்ச் சேர்ந்தப்புறமும் ரேஷன் கார்டுல பேரு இருக்கற மாதிரி. பேர எடுத்துட்டா சரக்கு கிடைக்காதே.

சரி நம்ம மதுரைக்கு வர்றேன். டெல்லி முகமது பின் துக்ளக் அனுப்பி வெச்ச ஆளு ஜலாலுதீன் அஹ்சன், 1330கள்ல டெல்லியாவது கில்லியாவதுன்னு தானே சுல்தான் ஆயிட்டாரு. நாப்பது வருஷம்போல ஓடுச்சு இந்த மதுரை சுல்தான்கள் ஆட்சி. நடுவுல ஊர் சுத்தி இபின் பதூதா வர்றாரு, அவருக்கு அஹ்சனோட ஒரு மகள டெல்லிலயே கட்டிக்குடுத்திருந்தாங்க, அப்ப மதுரைல சுல்தான் கியாசுதீன் தாம்கானி, அவரு கட்டினதும் அஹ்சன் மகளத்தான். ரெண்டு பேரும் சகலை! மதுரை சுல்தானுக்கு உலகம் சுத்தின சகலை இருந்தாருன்னு கிளாஸ்ல சொன்னா பயலுக நிமிந்து உக்காருவானுக. அந்த சகலை மதுரைல கொள்ளை நோய்ல ஜனங்க சாகறத கண்ணால பாத்து எழுதி வெச்சிருக்காரு, சுல்தான் பண்ணின கொடுமையையும் மூடி மறைக்கல.

இப்ப எனக்கு ரொம்ப பிடிச்ச இடம், கொஞ்சம் நிதானமா சொல்றேன். இதே நேரத்துல, 14ஆம் நூற்றாண்டு நடுவுல, விஜயநகரத்துல ஹரிஹரர், புக்கர் அண்ணன் தம்பிங்க கல்வெட்டு வெட்டறாங்க. அந்தக் கல்வெட்டுகள்ல ஒரு பட்டம் வருது, "ஹிந்துராய சுரத்ராண". சமஸ்கிருதமா பிரிச்சா சுரன்னா தேவர், த்ராணன்னா காப்பாத்தறது, தேவர்கள காக்கறவன். ஆஹா பக்தியா இருக்கேன்னு தோணும். வாய்விட்டு சொல்லிப் பாருங்க. சுரத்ராண. சுல்தான். அதேதான்! அந்த அரபி வார்த்தைக்கு சமஸ்கிருத வேட்டி கட்டி விட்டிருக்காங்க. இந்து ராஜாக்களுக்குள்ள சுல்தான்னு அர்த்தம். ஏன்னா அன்னைக்கு தெக்கால இருந்து வடக்க வரைக்கும் பெரிய பவர்னா அந்தப் பேருதான், மதத்துக்காக எடுத்துக்கல, மதிப்புக்காக எடுத்துக்கிட்டாங்க. இன்னொண்ணையும் சேத்து பாருங்க, அந்த புக்கரோட மகன் குமார கம்பணன்தான் படையெடுத்து வந்து மதுரை சுல்தான்கள ஒழிச்சது. அப்பா அங்க சுரத்ராணன், மகன் இங்க வந்து சுல்தான விரட்டறான். நான் இத எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுக்காது, வீட்டுல அலுத்துடுச்சு.

ஆட்சி போச்சு, வார்த்தை மதுரைய விட்டு போகல. கோரிப்பாளையம் தர்காவுல அடங்கியிருக்கறவங்க பேரு சுல்தான் அலாவுதீன் பாதுஷா, சுல்தான் சம்சுதீன் பாதுஷா. கோர்னா பாரசீகத்துல கல்லறை, அதுல இருந்து வந்த பேரு. ஏர்வாடில சுல்தான் சையது இப்ராஹீம் பாதுஷா நாயகம், நாகூர்ல பாதுஷா நாயகம். மண்ணாளற பட்டம் மனசாளறவங்களுக்கு போயிடுச்சு. அட, எல்லாத்தையும் விட்டுட்டு பக்கீரா திரிஞ்ச குணங்குடி மஸ்தானோட சொந்தப் பேரே சுல்தான் அப்துல் காதர்தான்!

பேருன்னதும் திப்பு. திப்பு சுல்தான்ல சுல்தான் பட்டம்னு தான் நானே பாடம் நடத்தினேன். பிறந்தப்ப வெச்ச பேருலயே அது இருக்கு, ஆற்காட்டுல அடங்கின திப்பு மஸ்தான் அவுலியாங்கற மகான் பேர திப்புன்னு வெச்சாங்க, சுல்தான் அதோட சேந்த பேரு. அப்பா ஹைதர் அலி அந்தப் பட்டத்த வெச்சுக்கவே இல்ல. திப்பு நிஜமாவே பட்டம் வேணும்னு எடுத்துக்கிட்டது பாதுஷா, அது மொகலாயர் வெச்சிருந்தது, அதனாலதான் டெல்லிக்கு எரிச்சல்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரெண்டு விரல் காட்டறாங்க, ரெண்டே நிமிஷம்தான். துருக்கில பேருக்கு முன்னாடி சுல்தான் வந்தா ஆம்பள, பின்னாடி வந்தா அந்த வீட்டுப் பொம்பள, சுல்தான் சுலைமான், அவர் பொண்டாட்டி ஹுர்ரம் சுல்தான். அங்க சுல்தான் பதவிய 1922லயும் கலீபா பதவிய 1924லயும் தனித்தனியா எடுத்தாங்க, ரெண்டும் வேற வேறன்னு நான் சொன்னேன்ல. மொராக்கோல 1957ல சுல்தான் வேண்டாம், ராஜான்னு மாத்திக்கிட்டாங்க. புரூனே, ஓமன்ல இன்னைக்கும் சுல்தான். மலேசியால ஒம்பது மாநிலத்து மன்னர்கள்ல ஏழு பேரு சுல்தான், பெர்லிஸ்ல மட்டும் ராஜா, நம்ம ராஜாவேதான், நெகிரி செம்பிலான்ல வேற பேரு, அந்த ஒம்பது பேருக்குள்ள ஒருத்தர அஞ்சு வருஷத்துக்கு மாமன்னரா... ஒரு விரல் ஆயிடுச்சு.

அந்தப் பையன் சுல்தான் இப்ப வெளியூர்ல லாரி ஓட்டறான்னு கேள்வி. தம்பி, இத கேட்டுட்டு இருந்தா, அன்னைக்கு நீ கேட்டதுக்கு பதில் இதுதான்டா, லேட்டாயிடுச்சு. பாதுஷா ஸ்வீட் சொல்றேன்னேன், நேரமில்ல, இன்னொரு தடவை கூப்பிட்டா சொல்றேன், வணக்கம்.