மீதி கைகாட்டும் எண்

வணக்கம். நேரே விதிக்கு வருகிறேன். முதலில் 1 எழுதுங்கள். அப்புறம் ஒவ்வொரு முறையும் இதுவரை வராத எண்களில் மிகச் சிறியதை எழுத வேண்டும். ஆனால் மொத்தம் எத்தனை எண்கள் எழுதியிருக்கிறோமோ, அத்தனையால் அவற்றின் கூட்டுத்தொகை மீதியில்லாமல் வகுபட வேண்டும். பின்னால் என்ன ஆகும் என்ற யோசனையே கிடையாது, அந்தந்த நேரத்தில் கிடைக்கிற சிறியதை எடுத்துக்கொண்டு போய்க்கொண்டே இருக்க வேண்டியதுதான். கணக்கில் இதற்குப் பேராசை முறை என்று பெயர்.

போட்டுப் பார்ப்போம். 1-க்குப் பக்கத்தில் 2 வைத்தால் கூட்டுத்தொகை 3, இரண்டால் வகுபடாது. 3 வைத்தால் 4, சரி. அடுத்து 2 வைத்தால் 6, மூன்றால் வகுபடும். இப்படியே 1, 3, 2, 6, 8, 4, 11, 5, 14, 16, 7, 19, 21, 9 என்று தாவித் தாவிப் போகிறது. இந்தத் தாவலில் ஏதாவது ஓர் எண் கடைசிவரை வராமலே போய்விடுமோ?

எண்களை விட்டுவிட்டுச் சராசரியைப் பாருங்கள்: 1, 2, 2, 3, 4, 4, 5, 5, 6, 7, 7. ஒன்று அப்படியே நிற்கிறது, இல்லை ஒன்றே ஒன்று ஏறுகிறது. ஏன்? ஒன்பது எண்கள் ஆனபோது கூட்டுத்தொகை 54, சராசரி 6. 60-க்கு 6 குறைகிறது, ஆகவே பத்தாவது எண்ணைப் பத்தால் வகுத்தால் மீதி 6 வந்தே ஆக வேண்டும். 6 ஏற்கெனவே வந்துவிட்டது, அதனால் 16. சராசரி 7 ஆகிறது. பதினோராவது எண்ணுக்கு மீதி 7 வேண்டும், 7 இன்னும் வரவில்லை, அதையே எழுதுகிறோம், சராசரி நகரவில்லை. எல்லாப் படியிலும் இதே கதைதான்: சராசரியாக இருக்கும் எண் இன்னும் வராவிட்டால் அதுவே அடுத்தது, வந்திருந்தால் அதோடு இட எண்ணை (எத்தனையாவதாக எழுதுகிறோமோ அந்த எண்ணை) கூட்டியது அடுத்தது. இப்படிக் கூட்டி எழுதுகிறவை வளர்ந்துகொண்டே போவதால் அவை ஒன்றோடொன்று மோதுவதும் இல்லை. சராசரி எந்த எண்ணையும் தாண்டிக் குதிக்காது, நிற்கும் எண்ணை எழுதி முடிக்காமல் மேலே ஏறவும் ஏறாது. ஆக எல்லா எண்ணும் ஒரே ஒருமுறை வரும். நிரூபணம் அவ்வளவுதான், இவ்வளவு சுலபமாக முடிவது அபூர்வம்.

இன்னொன்று, எனக்கு இதுதான் அதிகம் பிடிக்கும். இரண்டாம் இடத்தில் 3, மூன்றாம் இடத்தில் 2. நான்காம் இடத்தில் 6, ஆறாம் இடத்தில் 4. ஐந்தில் 8, எட்டில் 5. ஏழில் 11, பதினொன்றில் 7. எண்கள் ஜோடி ஜோடியாக இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றன. ஒவ்வொரு ஜோடியிலும் இரண்டு எண்களிலிருந்தும் 1-ஐக் கழித்தால் (1, 2), (3, 5), (4, 7), (6, 10) என்று வரும். இரண்டு குவியல்களில் ஏதாவது ஒன்றிலிருந்து வேண்டியதை எடுக்கலாம், அல்லது இரண்டிலிருந்தும் சமமாக எடுக்கலாம், கடைசியாக எடுப்பவருக்கு வெற்றி என்று 1907-இல் வைதாஃப் என்ற கணிதவியலாளர் ஆராய்ந்த ஆட்டத்தில், ஆடப் போகிறவர் தோற்கும் நிலைகள் இவையேதான்! வகுத்தலுக்கும் குவியலுக்கும் என்ன சம்பந்தம்? சராசரியை இட எண்ணால் வகுத்து வரும் விகிதம் எதை நெருங்குகிறது என்று பார்த்தால், அதை ப என்று வைத்துக்கொள்ளுங்கள், ப² + ப = 1 என்று வந்து நிற்கும். அதாவது ப சுமார் 0.618. 1-ஐ இதால் வகுத்தால் வரும் சுமார் 1.618-தான் பொன்விகிதம்; அது இரண்டுக்கும் அடியில் உட்கார்ந்திருக்கிறது.

இதைப் பார்த்துவிட்டுப் பேராசை எங்கேயும் கைகொடுக்கும் என்று நம்பிவிடாதீர்கள். சம இடைவெளியில் மூன்று எண்கள் அமையக் கூடாது என்று விதி வையுங்கள். பேராசை முறை 1, 2, 4, 5, 10, 11, 13, 14 என்று எடுத்து 28-க்குத் தாவும், 20-க்குள் எட்டுதான். ஆனால் 1, 2, 6, 7, 9, 14, 15, 18, 20 என்று ஒன்பது எடுக்கலாம், சரிபார்த்துக்கொள்ளுங்கள். 4-ஐ விட்டுக்கொடுத்ததால் கிடைத்த லாபம் அது. எல்லை பெரிதாகப் பெரிதாக இந்த எட்டுக்கும் ஒன்பதுக்குமான வித்தியாசம் எவ்வளவு பயங்கரமாக விரியும் என்பதை 1942-இல் சேலம், ஸ்பென்சர் என்ற கணிதவியலாளர்களும், 1946-இல் பெஹ்ரெண்ட் என்ற கணிதவியலாளரும் காட்டிவிட்டார்கள்.