குடமும் பெட்டியும்

நேயர்களுக்கு வணக்கம்.

எங்கள் பக்கத்தில் கோயில் கொடை வந்துவிட்டால், வில்லுப்பாட்டுக்காரர்களுக்கு முன்னால் ஊருக்குள் நுழைவது மைக் செட்காரர்தான். வேப்பமரத்தில் ஒரு குழாய் ஸ்பீக்கர், தண்ணீர்த் தொட்டி மேல் ஒரு குழாய் ஸ்பீக்கர் என்று கட்டிவிட்டு அவர் முதல் பாட்டைப் போடும்போது, பக்கத்து ஊரில் சோறு வடித்துக்கொண்டிருப்பவர்களுக்கும் சேதி போய்விடும். பள்ளிக்கூட லீவில் அப்படி ஒருவரிடம் எடுபிடியாகப் போயிருக்கிறேன். வயர் சுருட்டுவதுதான் வேலை. கூடுதலாகக் கேட்பதுதான் நல்ல சத்தம் என்ற எண்ணம் அங்கே ஒட்டிக்கொண்டது. அது போக ரொம்ப வருஷம் ஆயிற்று. பணமும் கொஞ்சம் போயிற்று.

பணம் போன கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். வீட்டில் உட்கார்ந்து பாட்டுக் கேட்க ஒரு ஜோடி புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் வாங்கப் போனேன். உங்களுக்குத் தெரிந்திருக்கும், ஒரு அடி, ஒன்றேகால் அடி உயரத்தில் மரப்பெட்டி; கீழே தாழ்ந்த சத்தத்துக்கு ஐந்து அல்லது ஆறரை அங்குல வூஃபர், மேலே கீச்சுச் சத்தத்துக்கு ஒரு அங்குல ட்வீட்டர். கடையில் இரண்டு ஜோடியை மாற்றி மாற்றிப் போட்டார்கள். "அண்ணாச்சி, இதக் கேட்டுட்டு அதக் கேளுங்க, ஒங்களுக்கே தெரியும்" என்றார் அங்கிருந்த தம்பி. தெரிந்தது. இரண்டாவது ஜோடியில் பாட்டு எழும்பி முன்னால் வந்து நின்றது. மறுபேச்சு இல்லாமல் வாங்கி வந்தேன். வீட்டில் கேட்டால் பாதி நேரம் காது வலி, மீதி நேரம் குடத்துக்குள் தலையை விட்டது மாதிரி ஒரு குமுறல்.

பிறகுதான் இரண்டின் விவரத்தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சத்தத்தை டெசிபல் என்ற அலகில் அளக்கிறார்கள். விட்டு வந்த ஜோடிக்கு 85 டெசிபல், வாங்கி வந்ததற்கு 89. இதைத்தான் சென்சிடிவிட்டி என்கிறார்கள். ஒரு வாட் கொடுத்து, ஒரு மீட்டர் தள்ளி நின்று அளந்தால் எவ்வளவு சத்தம் வரும் என்ற கணக்கு. 3 டெசிபல் கூட வேண்டுமானால் ஆம்ப்ளிஃபயர் இரண்டு மடங்கு வாட் தர வேண்டும். 4 டெசிபல் என்றால் இரண்டரை மடங்கு. ஆக, கடையில் வால்யூமை யாரும் தொடவில்லை, ஆனாலும் ஒன்று தணிந்து பாடியது, ஒன்று உரக்கப் பாடியது. உரக்கப் பாடியதை நான் நல்ல பாட்டு என்று எடுத்துக்கொண்டேன். கொடைவீட்டுக் குழாய் ஒரு வாட்டுக்கு 100 டெசிபலுக்கு மேல் கத்தும். அதற்காக அதைப் பட்டாசாலையில், அதாவது வீட்டுக் கூடத்தில், கட்டித் தொங்கவிட முடியுமா?

அதனால் இரண்டு ஸ்பீக்கர்களை ஒப்பிடுகிறவர் முதலில் இரண்டின் சத்தத்தையும் ஒரே அளவுக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு டெசிபல் வித்தியாசம் இருந்தால்கூட, சத்தம் கூடியதாக நமக்குத் தோன்றாது, 'தெளிவு' கூடியதாகத்தான் தோன்றும். காது செய்கிற வஞ்சகம் அது. கைப்பேசியில் இருக்கிற சத்தம் அளக்கும் செயலி போதும். அது காட்டுகிற எண் நூற்றுக்கு நூறு சரியாக இருக்காது, இருந்தாலும் ஒன்றோடு ஒன்றை நிகர் பார்க்க உதவும்.

அடுத்தது, கண்ணை நம்பாதீர்கள். ஃபிளாய்ட் டூல் என்ற அறிஞர் கனடாவின் தேசிய ஆய்வு மன்றத்திலும், பிறகு ஹார்மன் நிறுவனத்திலும் இதை வருஷக்கணக்காகச் சோதித்திருக்கிறார். ஸ்பீக்கரைத் திரைக்குப் பின்னால் மறைத்துவைத்தால் ஒரு மதிப்பெண், அதையே கண்முன் காட்டினால் வேறு மதிப்பெண். பெயரும் அளவும் அழகும் காதுக்குள் புகுந்துவிடுகின்றன. நம் வீட்டில் திரைக்கு எங்கே போவது? ஒற்றை வேட்டியை இரண்டு பேர் பிடித்துக்கொண்டால் சரி. மெல்லிய துணி சத்தத்தைப் பெரிதாக மறிக்காது. என் வீட்டில் அப்படிச் செய்தபோது வேட்டி பிடித்த மகன் சிரித்தே பாதி சோதனையைக் கெடுத்தான் என்பது வேறு விஷயம்.

எதைப் போட்டுக் கேட்பது? கடையில் போட்டுக் காட்டுகிற பளபளப்பான இசை வேண்டாம். நேரில் கேட்டுப் பழகிய சத்தமாக இருக்க வேண்டும். முதலில் பேச்சு. வானொலிச் செய்தியே போதும். ஆண் குரல் நெஞ்சிலிருந்து வருகிறதா, பானைக்குள்ளிருந்து வருகிறதா? ழகரமும் ளகரமும் தனித்தனியாக விழுகின்றனவா? சகரம் சீறுகிறதா? இதிலேயே பாதி ஸ்பீக்கர்கள் தோற்றுவிடும்.

அப்புறம் நாகஸ்வரம். காருகுறிச்சி அருணாசலம் பிறந்த சீமையில் இருந்துகொண்டு வேறு எதைச் சொல்வேன்? வூஃபர் வேலையை ட்வீட்டரிடம் கைமாற்றுகிற இடம் பெரும்பாலான பெட்டிகளில் 2,000 முதல் 3,000 ஹெர்ட்ஸுக்குள், அதாவது வினாடிக்கு அத்தனை அதிர்வுக்குள், இருக்கிறது. நம் காது மிகக் கூர்மையாகக் கேட்பதும் அதை ஒட்டித்தான். நாகஸ்வரத்தில் வாய் வைத்து ஊதுகிற சீவாளியின் காரம் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்வரும். கைமாற்றம் சரியில்லை என்றால், ஒரே வித்வான் மேல்ஸ்தாயியில் வேறு ஆளாகிவிடுவார். கூடவே தவிலைக் கவனியுங்கள். வலப்பக்கத் தோலான வலந்தலையின் விரலடி ஒவ்வொன்றும் எண்ணக்கூடியதாக இருக்க வேண்டும். இடப்பக்கத் தோலான தொப்பியில் கம்பு விழுந்தால் 'தொம்' என்று விழுந்து உடனே நிற்க வேண்டும், இழுக்கக் கூடாது.

அந்த 'தொம்' எங்கிருந்து வருகிறது என்பதுதான் எனக்குப் பிடித்த இடம். வில்லுப்பாட்டில் குடம் அடிப்பவரைப் பார்த்திருப்பீர்கள். குடத்தின் வாயில் மட்டையால் அடிக்கும்போது அவ்வளவு சின்னக் குடத்திலிருந்து அவ்வளவு தாழ்ந்த நாதம் வருகிறதே, எப்படி? குடத்தின் வயிற்றில் இருக்கிற காற்று ஒரு ஸ்பிரிங். கழுத்தில் இருக்கிற காற்று அந்த ஸ்பிரிங்கில் தொங்குகிற எடை. இரண்டும் சேர்ந்து ஒரே ஒரு சுருதியில் ஆடும். ஸ்பீக்கர் பெட்டியில் முன்னாலோ பின்னாலோ ஒரு வட்டத் துளை இருக்கிறதே, அதன் வேலையும் இதுவேதான். வூஃபரால் தனியாக எட்ட முடியாத தாழ்ந்த சுருதிக்குப் பெட்டி குடமாக மாறிக் கை கொடுக்கிறது. ஆனால் அந்தச் சுருதிக்குக் கீழே போனால் சத்தம் செங்குத்தாக விழுந்துவிடும். துளையில்லாத மூடிய பெட்டியில் பாஸ் என்கிற தாழ்ந்த சத்தம் கொஞ்சம் முன்னாலேயே குறையத் தொடங்கும், ஆனால் சாய்வாக, மெதுவாகக் குறையும். எனக்குச் சின்ன அறையில் மூடிய பெட்டிதான் பிடிக்கிறது. பெரிய பட்டாசாலை உள்ளவர்கள் என்னோடு சண்டைக்கு வரலாம்.

சின்ன மூடிய பெட்டிக்கு வானொலிக்காரர்களே சாட்சி. 1970களில் பிபிசி தன் வெளி ஒலிபரப்பு வண்டிகளுக்குள் வைத்துக் கேட்க எல்.எஸ். 3/5ஏ என்று ஒன்றை உருவாக்கியது. ஒரு அடி உயரம், உள்ளே சுமார் 5 லிட்டர் இடம், அதாவது ஒரு சின்ன எண்ணெய் டின் அளவு. சென்சிடிவிட்டி 82, 83 டெசிபல்தான். என் கணக்கில் கடையிலேயே தோற்றிருக்க வேண்டியது. மனிதக் குரலை உள்ளபடி சொல்கிறது என்பதற்காக இன்றுவரை ஆட்கள் அதைத் தேடுகிறார்கள்.

சரி, என் வீட்டுக் குமுறலுக்கு வருகிறேன். அதில் ஸ்பீக்கரின் குற்றம் பாதிதான். புக்‌ஷெல்ஃப் என்று பெயர் இருக்கிறதே என்று சுவர் அலமாரிக்குள் செருகிவைத்திருந்தேன். துளையோ பின்பக்கம். சுவரை ஒட்டினால் பாஸ் வீங்கும், மூலையில் வைத்தால் இன்னும் வீங்கும். ஒன்றரை அடி முன்னால் இழுத்து, ஸ்டாண்டில் ஏற்றி, ட்வீட்டர் காது மட்டத்துக்கு வரும்படி வைத்தேன். இரண்டு பெட்டிக்கும் நடுவே எவ்வளவு தூரமோ, அவ்வளவு தூரத்தில் நாற்காலியைப் போட்டேன். பாட்டுக்காரர் இரண்டு பெட்டிக்கும் நடுவில், வெறும் சுவருக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார். அப்படி நடுவில் வராமல், பாஸும் காணாமல் போனால் ஒரு பெட்டியில் சிவப்பு வயரும் கறுப்பு வயரும் இடம் மாறியிருக்கிறது என்று அர்த்தம். வயரைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது. பத்து அடிக்குள் என்றால் சாதாரணத் தாமிர வயர் போதும்.

அறைக்கும் ஒரு சுருதி உண்டு. 10 அடி அகல அறை 56 ஹெர்ட்ஸ் அளவில் தானே முழங்கும். கூரையும் 10 அடி உயரமென்றால் இரண்டும் ஒரே இடத்தில் சேர்ந்து முழங்கும். நம் ஊரில் தரையில் டைல்ஸ், சுவர் சிமெண்ட், மேலே கான்கிரீட். சத்தம் பட்டுத் தெறிக்கத்தான் செய்யும். பத்தமடைப் பாய் விரித்தால் அடங்கிவிடும் என்று ஒரு நண்பர் சொன்னார். கல்யாணப் பாய் அழகுதான், ஆனால் அவ்வளவு மெல்லிசான பொருள் சத்தத்தை எங்கே குடிக்கப் போகிறது? கனத்த சமுக்காளம், துணி நிறைந்த திறந்த பீரோ, பஞ்சு மெத்தை இவை உதவும். நாற்காலியைப் பின்சுவரோடு ஒட்டிப் போடாமல் இருந்தாலே பாதிக் குமுறல் குறையும்.

பழைய ஸ்பீக்கர் வாங்குகிறவர்கள் வூஃபரின் விளிம்பை விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். நுரை விளிம்பாக இருந்தால் பத்து இருபது வருஷத்தில் பொடிந்து உதிரும். ரப்பர் விளிம்பு நாள்படத் தாங்கும்.

போன மாதம் பாளையங்கோட்டையில் இருக்கிற என் தங்கை இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அண்ணே, எங்க வீட்டுல அலமாரிய விட்டா வேற எடமே கெடையாது, நான் என்ன செய்யட்டும்?" என்றாள். மூடிய பெட்டியாகப் பார், இல்லையென்றால் முன்பக்கம் துளை உள்ளதாகப் பார், பெட்டியின் முகம் அலமாரி விளிம்போடு வரும்படி வை, இடைவெளியில் புத்தகங்களை அடுக்கு என்றேன். அவள் வீட்டில் ஏற்கெனவே இருந்தது பின்துளைப் பெட்டி. ஒரு ஜோடிப் பழைய காலுறையைச் சுருட்டி ஆளுக்கொன்றாகத் துளைகளில் அடைத்துவிட்டு வந்தேன். குமுறல் நின்றுவிட்டது. காலுறை மாப்பிள்ளையுடையது. அவர் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்.

வணக்கம்.