நாலு வருஷம், நாலு கோச்: ஜேசன் கேம்ப்பெல் எப்படித் தப்பித்தார்?

[திரையில்: ஸ்கோர் போர்டு. யூஎஸ்சி 23, ஆபர்ன் 0]

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால், 2003 சீசனின் முதல் ஆட்டம். சொந்த மைதானம். அந்த வருஷம் நாட்டிலேயே நம்பர் 1 இவர்கள்தான் என்று பத்திரிகைகள் தூக்கிவைத்த அணி ஆபர்ன். வாங்கியது முட்டை. அடுத்த ஆட்டத்தில் ஜார்ஜியா டெக்கிடம் 17-3. இரண்டு ஆட்டம் முடிந்தும் ஒரு டச்டவுன்கூட, அதாவது பந்தை எதிரணியின் எல்லைக் கோட்டுக்குள் கொண்டுபோனது ஒருமுறைகூட, இல்லை.

அடுத்த வருஷம் அதே அணி, அதே குவாட்டர்பேக் ஜேசன் கேம்ப்பெல். 13 ஆட்டம், 13 வெற்றி.

கோச்சை மாற்றினார்கள், ஜெயித்தார்கள் என்று வீடியோவை இங்கேயே மூடிவிடாதீர்கள். இந்தப் பையனுக்கு கோச் ஒவ்வொரு வருஷமும்தான் மாறினார்!

[டைட்டில்]

அமெரிக்கன் ஃபுட்பால் தெரியாதவர்களுக்கு ரெண்டே வரி. பந்தை எறிகிறவர் குவாட்டர்பேக். எந்த ஆட்டத்தை ஆடுவது என்று அவருக்குச் சொல்கிறவர் பெரும்பாலும் அஃபென்ஸ் கோஆர்டினேட்டர். ஹெட் கோச் முதலாளி என்றால் கோஆர்டினேட்டர்தான் வாத்தியார். அவ்வளவு போதும்.

அலபாமா மாநிலத்து ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் ஜேசன் கேம்ப்பெல் ஆட ஆரம்பித்த 2001-இல் வாத்தியார் நோயல் மஸோனி. வருஷக் கடைசியில் அவர் போனார். 2002-இல் பாபி பெட்ரினோ. திறமைசாலி, அதனாலேயே லூயிவில் பல்கலைக்கழகம் அவரை ஹெட் கோச்சாகக் கூப்பிட்டுக்கொண்டது. 2003-இல் ஹ்யூ நால், குவாட்டர்பேக் பயிற்சிக்கு ஸ்டீவ் என்ஸ்மிங்கர். அந்த முட்டை வருஷம் இதுதான். 2004-இல் ஆல் போர்ஹஸ். கவனித்தீர்களா? வாத்தியார் தோற்றாலும் போகிறார், ஜெயித்தாலும் போகிறார். பையன் மட்டும் அதே வகுப்பில்.

என்ஸ்மிங்கர் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வருவார்.

[திரையில்: ஒரு சமையலறை அலமாரி, வரிசையாக டப்பாக்கள்]

சரி, கோச் மாறினால் அப்படி என்ன கெட்டுப்போகும்? எறிகிற கை அதே கைதானே?

உங்கள் வீட்டுச் சமையலறையை நினைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் காய்ந்துவிட்டது. நீங்கள் திரும்பிப் பார்ப்பதேயில்லை, கை தானாக மேல்தட்டுக்குப் போய் கடுகு டப்பாவை எடுக்கிறது. இப்போது ஊரிலிருந்து அத்தை வந்து, 'இது என்ன அடுக்கு?' என்று எல்லாவற்றையும் மாற்றி வைத்துவிட்டார். அத்தையின் அடுக்கு உண்மையிலேயே நல்ல அடுக்குதான். ஆனால் உங்கள் கை பழைய இடத்துக்குப் போய் வெந்தயத்தை எடுக்கிறது. எண்ணெய் புகைகிறது.

குவாட்டர்பேக்குக்கு அந்த எண்ணெய் மூன்று நொடியில் புகைந்துவிடும். எதிரே நூற்றிருபது கிலோ ஆட்கள் அவரைத் தரையில் சாய்க்க ஓடி வருகிறார்கள். அங்கே நின்று யோசிக்க முடியாது.

கோச் மாறும்போது மாறுவது முக்கியமாக மொழி. இந்த இடம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். வெஸ்ட் கோஸ்ட் என்கிற ஆட்டப் பாணியில் ஒரு ஆட்டத்தின் பெயர், 'ஸ்பைடர் 2 ஒய் பனானா'. சிரிக்காதீர்கள், நிஜமாகவே அதுதான் பெயர். முதல் பாதி, குவாட்டர்பேக்கை எப்படிக் காப்பது என்பதற்கு. பின்பாதி, 'ஒய்' என்கிற ஆள் வாழைப்பழம் மாதிரி வளைந்து ஓட வேண்டும் என்பதற்கு. கோரியெல் பாணிக்காரர்களிடம் வாழைப்பழம் செல்லாது, அவர்கள் எண்ணில் பேசுவார்கள். 9 என்றால் நேரே ஓடு, 8 என்றால் ஓடிப்போய் நடுவாக்கில் உள்ளே வெட்டு. மூன்று இலக்கம் சொன்னால் மூன்று பேருக்கும் வேலை சொல்லியாயிற்று. எர்ஹார்ட் பெர்க்கின்ஸ் என்று இன்னொரு கூட்டம். அவர்களுக்கு மொத்த ஏற்பாட்டுக்கும் ஒரே சொல்.

ஓடுகிற பாதை எல்லாவற்றிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். டப்பாவுக்குள் கடுகு அதே கடுகுதான். ஆனால் நாலு வருஷத்தில் நாலு அகராதி! அதுவும் கல்லூரியில் ஹெல்மெட்டுக்குள் கோச் பேசுகிற ரேடியோவைப் பொதுவாக அனுமதித்ததே 2024-இல்தான். அதற்கு முன் ஓரத்தில் நின்று கையை ஆட்டுவார்கள், பெரிய பெரிய அட்டையில் படம் போட்டுக் காட்டுவார்கள். அதையும் புதிதாகப் படிக்க வேண்டும்.

[திரையில்: ஒரு சின்ன ஜெட் விமானம்]

நடுவில் ஒரு மசாலா. 2003 நவம்பரில், போட்டிப் பல்கலைக்கழகமான அலபாமாவுடன் பெரிய ஆட்டத்துக்கு ரெண்டு நாள் இருக்கும்போது, ஆபர்ன் பல்கலைக்கழகத் தலைவரும் விளையாட்டு இயக்குநரும் ரகசியமாக விமானம் ஏறிப் போய் ஒருவரைச் சந்தித்தார்கள். ஹெட் கோச் டாமி டபர்வில்லை அனுப்பிவிட்டு அவரைக் கொண்டுவரலாமா என்று. யாரை? போன வருஷத்து வாத்தியார் பெட்ரினோவையேதான்! விஷயம் வெளியே வந்து மானம் போயிற்று. டபர்வில் அலபாமாவை ஜெயித்தார், வேலையும் தப்பித்தது. பின்னாளில் அமெரிக்க செனட்டரே ஆகிவிட்டார்.

அந்தக் களேபரத்துக்குப் பிறகு வந்தவர்தான் போர்ஹஸ். கொண்டுவந்தது வெஸ்ட் கோஸ்ட் பாணி. இதில் பாடம் காலிலிருந்து தொடங்குகிறது. பின்னால் மூன்று எட்டு வைத்ததும் பந்து கையை விட்டுப் போக வேண்டும். நீளமான ஆட்டமென்றால் ஐந்து எட்டு. எட்டு முடிந்தும் பந்து கையில் இருந்தால் தப்பு செய்துவிட்டீர்கள். கேம்ப்பெல் அந்த வருஷம் எறிந்ததில் 69.6 சதவீதம் கைக்குப் போய்ச் சேர்ந்தது. 20 டச்டவுன்.

புகழை முழுக்க போர்ஹஸுக்குக் கொடுக்க மாட்டேன். பக்கத்தில் பந்தோடு ஓடியவர்கள் ரானி பிரவுனும் காடிலாக் வில்லியம்ஸும். 2005 டிராஃப்டில், அதாவது தொழில்முறை அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை வரிசையாக எடுக்கும் தேர்வில், 2-ஆவது, 5-ஆவது ஆளாகப் போனவர்கள். கேம்ப்பெல்லுக்கும் அது மூன்று வருஷ அடி வாங்கிய பிறகு வந்த கடைசி வருஷம்.

இப்போது என்ஸ்மிங்கர். 2018-இல் அவர் எல்எஸ்யூவில், அதாவது லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தில், கோஆர்டினேட்டர், குவாட்டர்பேக் ஜோ பரோ. 57.8 சதவீதம், 16 டச்டவுன், சுமார்தான். 2019-இல் என்ஸ்மிங்கரை அனுப்பவில்லை. நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் என்கிற தொழில்முறை அணியிலிருந்து ஜோ பிரேடி என்ற, 30 வயதுகூட ஆகாத ஒருவரைக் கொண்டுவந்து பக்கத்தில் உட்காரவைத்தார்கள். 76.3 சதவீதம், 60 டச்டவுன், 15-க்கு 15 வெற்றி. மரத்தைப் பிடுங்கி நடவில்லை பாருங்கள், ஒட்டு கட்டினார்கள். 2003-இல் தடுமாறிய அதே மனிதர்! அவரை அப்போது கழுவி ஊற்றிய ரசிகர்களில் ஒருவரையாவது பேட்டி எடுக்க ஆசை.

கேம்ப்பெல்? 2005 டிராஃப்டில் வாஷிங்டன் அணி அவரை 25-ஆவது ஆளாக எடுத்தது. 2006-இல் அங்கே ஆல் சாண்டர்ஸ் வந்தார், எண் மொழிக்காரர். 2008-இல் ஜிம் ஸோர்ன் வந்தார். என்ன பாணி?

வெஸ்ட் கோஸ்ட். வாழைப்பழம் திரும்பி வந்தாயிற்று.

விமானக் கதை முழுசாக வேண்டுமென்றால் கமெண்டில் 'ஜெட்' என்று மட்டும் போடுங்கள். நூறு ஜெட் சேர்ந்தால் அடுத்த வீடியோ அதுதான்.