புதுமுகத்தைக் காண வந்தவர்கள்

நேயர்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

2009ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள் லாஸ் ஏஞ்சலிஸ் கிளிப்பர்ஸ் கூடைப்பந்து அணி, நியூ ஆர்லியன்ஸ் ஹார்னெட்ஸ் அணியுடன் தன் கடைசி முன்பருவ ஆட்டத்தை, அதாவது பருவம் தொடங்குமுன் ஆடும் ஒத்திகை ஆட்டத்தை, ஆடியது. அந்த ஆண்டு டிராஃப்டில், அதாவது அணிகள் புது வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், முதல் ஆளாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பிளேக் கிரிஃபின் அன்று களத்தில் இருந்தார். உயரப் பாய்ந்து பந்தைக் கூடைக்குள் அறைந்துவிட்டு அவர் தரையில் இறங்கியபோது இடது முழங்காலில் வலி எடுத்தது. சில்லு எலும்பில் விரிசல் விட்டிருப்பது பின்னர் தெரியவந்தது. சில வாரங்களில் திரும்பிவிடுவார் என்றுதான் முதலில் எல்லோரும் நம்பினார்கள். காயம் ஆறவில்லை. அடுத்த ஜனவரியில் அறுவை சிகிச்சை செய்ய வேண்டியதாயிற்று. அந்தப் பருவத்தின் 82 ஆட்டங்களில் ஒன்றில்கூட அவர் ஆடவில்லை.

வெற்றியாயினும் தோல்வியாயினும் தரவரிசையில் எந்தக் கணக்கிலும் சேராத ஓர் ஆட்டத்தில், ஓர் அணி தன் எதிர்காலம் என்று நம்பிய இளைஞரை ஓராண்டுக்கு இழந்தது. அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தில் முன்னணிப் புதுமுகங்களை முன்பருவ ஆட்டங்களில் உட்கார வைப்பது சரியா என்ற கேள்வி எழும்போதெல்லாம், அணி நிர்வாகிகளின் மனத்தில் முதலில் வந்து நிற்பது இந்த இரவுதான் என்று நான் நினைக்கிறேன். அந்த அச்சத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த அச்சத்தின் விலையை இப்போது பார்வையாளர்கள் மட்டுமே செலுத்துகிறார்கள் என்பதும், அதை இதைவிட நியாயமாகப் பகிர்ந்துகொள்ள வழி இருக்கிறது என்பதும் என் கருத்து. அதைப் பற்றித்தான் இன்று உங்களிடம் பேச வந்திருக்கிறேன்.

அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் புதிய பருவம் அக்டோபர் பிற்பகுதியில் தொடங்குகிறது. அதற்கு முந்தைய சில வாரங்களில் ஒவ்வோர் அணியும் சில ஒத்திகை ஆட்டங்களை ஆடுகிறது. முன்பு எட்டு ஆட்டங்கள் வரை இருந்தன. 2017 முதல் ஆறுக்கு மேல் கிடையாது. பத்தாண்டு அனுபவமுள்ள ஒரு நட்சத்திர வீரருக்கு இவை உடம்பைச் சூடாக்கிக்கொள்ளும் நாட்கள் மட்டுமே. அவர் எப்படி ஆடுவார் என்பது நமக்கு முன்பே தெரியும். ஓர் இரவு அவர் ஆடாவிட்டாலும் நாம் பெரிதாக எதையும் இழப்பதில்லை. புதுமுகத்தின் நிலை வேறு. கல்லூரியிலோ ஐரோப்பிய அணி ஒன்றிலோ ஆடிய ஒருவர், தன்னைவிடப் பத்து வயது மூத்த, உடல் வலிமை முற்றிய ஆட்டக்காரர்களுக்கு எதிரே எப்படி நிற்கிறார் என்பதை முதன்முதலாகக் காணும் இடம் இதுதான். முன்பருவ ஆட்டத்துக்கென்று ஒருவர் தனியாகப் பணம் கொடுத்து வருகிறார் என்றால், பெரும்பாலும் அவர் புதுமுகத்தைப் பார்க்கத்தான் வருகிறார். பல அணிகளில் முழுப் பருவத்துக்கும் டிக்கெட் வாங்குபவர் இந்த ஒத்திகை ஆட்டங்களுக்கும் சேர்த்தே பணம் கட்ட வேண்டியிருக்கிறது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

அணிகளின் எச்சரிக்கை ஜூலையிலேயே தொடங்கிவிடுகிறது. லாஸ் வேகாஸ் நகரில் புதுமுகங்களுக்காக நடக்கும் சம்மர் லீக் என்ற கோடைக்காலப் போட்டியில் இது ஏறத்தாழ எழுதப்படாத விதியாகிவிட்டது. 2023இல் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணி விக்டர் வெம்பன்யாமாவை அங்கே களமிறக்கியது. அரங்கு நிறைந்த முதல் ஆட்டத்தில் அவர் 13 எறிவுகளில் இரண்டை மட்டுமே கூடையில் சேர்த்து 9 புள்ளிகள் எடுத்தார். இரண்டே நாள் கழித்து 27 புள்ளிகள் எடுத்தார்; தவறிய எறிவுகளைப் பிடிக்கும் ரீபவுண்டுகளும் 12 எடுத்தார். அத்துடன் அவரை நிறுத்திவிட்டார்கள். 2025இல் டல்லாஸ் மேவரிக்ஸ் அணியின் கூப்பர் ஃபிளாக் விஷயத்திலும் இதே கதைதான். லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் அணிக்கு எதிராக 21 எறிவுகளில் ஐந்து மட்டுமே கூடையில், அடுத்த ஆட்டத்தில் ஸ்பர்ஸுக்கு எதிராக 31 புள்ளிகள், பிறகு ஓய்வு. இரண்டு முறையும், முதலில் தடுமாறிய ஓர் இளைஞர் எப்படித் தன்னைத் திருத்திக்கொள்கிறார் என்பது நம் கண்ணெதிரே நடந்தது. அந்த மாற்றத்தைப் பார்த்தவர்கள் பேறு பெற்றவர்கள். மூன்றாவது ஆட்டத்துக்கு டிக்கெட் எடுத்திருந்தவர்களைப் பற்றியும் நாம் யோசிக்க வேண்டும்.

நிர்வாகங்களின் பக்கம் உள்ள நியாயத்தையும் நான் முழுமையாகச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அது வலுவானது. ஃபிளாக் டியூக் பல்கலைக்கழகத்துக்காக ஆடிய ஒரே பருவத்தில் 37 ஆட்டங்கள் ஆடினார். கல்லூரி ஆட்டம் 40 நிமிடம். என்.பி.ஏ.வில் 82 ஆட்டங்கள், ஒவ்வொன்றும் 48 நிமிடம்; நடுவே நகரம் விட்டு நகரம் பறக்கும் பயணங்கள், அடுத்தடுத்த இரவுகளில் ஆட வேண்டிய கட்டாயம். பத்தொன்பது வயது உடல் இந்தப் பாய்ச்சலுக்குப் படிப்படியாகத்தான் பழக முடியும். பெண்கள் பிரிவான டபிள்யூ.என்.பி.ஏ.வில் நிலைமை இன்னும் கடினமானது. 2024இல் கேட்லின் கிளார்க் ஏப்ரல் 7ஆம் தேதி அயோவா பல்கலைக்கழகத்துக்காக இறுதிப் போட்டியில் ஆடினார். 15ஆம் தேதி டிராஃப்டில் முதலாவதாகத் தேர்வானார். மே 3ஆம் தேதி இந்தியானா ஃபீவர் அணிக்காக முதல் முன்பருவ ஆட்டத்தில் இறங்கி 21 புள்ளிகள் எடுத்தார். கல்லூரிப் பருவத்தின் 39 ஆட்டங்களையும், அதைத் தொடர்ந்து தொழில்முறைப் பருவத்தின் 40 ஆட்டங்களையும் ஒன்றுகூட விடாமல் ஆடிய உடல் அது. ஓராண்டுக்குள் இத்தனை ஆட்டங்களைச் சுமக்க வேண்டிய ஒரு பெண்ணுக்கு அணி மருத்துவர் ஓய்வு சொன்னால், மறுத்துப் பேச எனக்கு வாய் வராது.

ஆயினும், ஓய்வு தந்தால் காயம் வராது என்று யாரும் உறுதி கூற முடியாது. 2022இல் டிராஃப்டில் இரண்டாவதாகத் தேர்வான செட் ஹோம்கிரனுக்குக் காயம் ஏற்பட்டது ஓக்லஹோமா சிட்டி தண்டர் அணியின் ஆட்டத்தில் அல்ல. ஆகஸ்ட் மாதம் சியாட்டில் நகரில் நடந்த ஒரு நட்பு ஆட்டத்தில், நட்சத்திர வீரர் லெப்ரான் ஜேம்ஸைத் தடுக்கப் போனபோது பாதத்தில் அடிபட்டு, முழுப் பருவத்தையும் இழந்தார். 2016இன் முதல் தேர்வான பென் சிம்மன்ஸ், பயிற்சி முகாமில் தம் அணியினருடனேயே ஆடிக்கொண்டிருந்தபோது பாத எலும்பை முறித்துக்கொண்டு அந்த ஆண்டை இழந்தார். 2014இல் லேக்கர்ஸ் அணியின் ஜூலியஸ் ராண்டல், பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே, தம் வாழ்வின் முதல் என்.பி.ஏ. ஆட்டத்திலேயே, கால் எலும்பு முறிந்து தூக்கிச் செல்லப்பட்டார். முன்பருவ ஆட்டத்தைத் தவிர்ப்பதால் அந்த ஓர் ஆட்டத்தின் ஆபத்து மட்டும்தான் நீங்குகிறது.

இதில் விதிகள் என்ன சொல்கின்றன? 2012 நவம்பரில், நாடு முழுவதும் ஒளிபரப்பான மயாமி ஆட்டத்துக்கு முன்பு ஸ்பர்ஸ் அணி தன் நட்சத்திரமான டிம் டங்கன் உள்ளிட்ட நான்கு வீரர்களை ஓய்வுக்காக வீட்டுக்கு அனுப்பியதற்காக, அன்றைய ஆணையர் டேவிட் ஸ்டெர்ன் 2,50,000 டாலர் அபராதம் விதித்தார். நட்சத்திர வீரர்களைத் தக்க காரணமின்றி உட்கார வைப்பதைத் தடுக்க 2023இல் வந்த புதிய கொள்கை இன்னும் கண்டிப்பானது: முதல் மீறலுக்கு ஒரு லட்சம் டாலர், இரண்டாவதற்கு இரண்டரை லட்சம், அதன் பிறகு ஒவ்வொன்றுக்கும் முந்தையதைவிடப் பத்து லட்சம் கூடுதல். ஆனால் அந்தக் கொள்கையின்படி நட்சத்திர வீரர் என்றால், கடந்த மூன்று பருவங்களில் சிறந்த வீரர்கள் ஆடும் ஆல் ஸ்டார் ஆட்டத்துக்கோ ஆண்டின் சிறந்த அணிகளுக்கோ தேர்வானவர். அன்றுதான் நுழையும் புதுமுகம், அவரைக் காண எத்தனை ஆயிரம் பேர் வந்தாலும், இந்த இலக்கணத்துக்குள் வரவே முடியாது. மேலும் அந்தக் கொள்கை பருவ ஆட்டங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. ஆகவே, மக்கள் மிக ஆவலோடு காத்திருக்கும் ஆளும், அவர் முதன்முதலாகத் தோன்றும் ஆட்டங்களும் ஒருசேர விதிக்கு வெளியே நிற்கின்றன. பார்வையாளருக்கு எதிராக யாரும் திட்டமிட்டு இப்படிச் செய்யவில்லை. எழுதியவர்களின் கண் அந்தப் பக்கம் போகவில்லை, அவ்வளவே.

ஆவல் எவ்வளவு என்று கேட்பவர்களுக்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். கிளார்க் டல்லாஸ் விங்ஸ் அணிக்கு எதிராக முதன்முதலில் இறங்கிய அதே மே 3 அன்று, மினியாபொலிஸ் நகரில் மினசோட்டா லிங்க்ஸ் அணியும் சிகாகோ ஸ்கை அணியும் மோதின. ஸ்கை அணியில் ஏஞ்சல் ரீஸ், கமிலா கார்டோசோ என்ற இரண்டு புகழ்பெற்ற புதுமுகங்கள். லீக்கின் சொந்தச் செயலியில் ஒளிபரப்பு இருக்கும் என்று நம்பிய பலருக்கு அது கிடைக்கவில்லை. அரங்கில் அமர்ந்திருந்த ஒரு ரசிகை தம் கைப்பேசியை உயர்த்திப் பிடித்து, ஆட்டத்தை எக்ஸ் தளத்தில் நேரலையாகக் காட்டத் தொடங்கினார். படம் ஆடியது, எண்கள் தெளிவாகத் தெரியவில்லை, வர்ணனை கிடையாது. இருந்தும் அந்த ஒளிபரப்பு 20 லட்சத்துக்கும் மேற்பட்ட முறை பார்க்கப்பட்டது. ஓர் ஒத்திகை ஆட்டத்துக்கு இவ்வளவு பசியா என்று நான் வியந்தேன். அதே ஆட்டத்தில்தான் கார்டோசோவுக்குத் தோளில் காயம் ஏற்பட்டு, பருவத்தின் தொடக்க வாரங்களை அவர் இழக்க நேர்ந்தது. இந்த இரண்டும் ஒரே இரவில், ஒரே அரங்கில் நடந்தவை. இந்தப் பிரச்சினையை ஒரு பக்கமாக மட்டும் பார்ப்பவர்களுக்கு அந்த இரவை நினைவூட்டவே நான் விரும்புகிறேன்.

இனி, என்ன செய்யலாம் என்பதற்கு வருகிறேன். அணிகள் இரவுகளைக் குறைப்பதற்குப் பதிலாக நிமிடங்களைக் குறைக்க வேண்டும் என்பதே என் விருப்பம். ஆறு ஆட்டங்களில் மூன்றில் புதுமுகத்தை முப்பது நிமிடம் ஆடவிட்டு மற்ற மூன்றில் முழுவதும் உட்கார வைப்பதைக் காட்டிலும், ஆறிலும் பதினைந்து நிமிடம் ஆடவிட்டால் உடல் சுமக்கும் மொத்த நேரம் மாறுவதில்லை. டிக்கெட் வாங்கிய ஒவ்வொருவரும் அவரைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். பயணக் களைப்பு இருக்கிறதே, அடுத்தடுத்த இரவுகள் வருமே என்று பயிற்சியாளர்கள் சொல்லும் மறுப்பு நியாயமானது. அப்படி ஓர் இரவு அவசியம் விட வேண்டுமென்றால், எதை விடுவது என்பதை ஆட்ட அட்டவணை வெளியாகும்போதே முடிவு செய்து, டிக்கெட் விற்பனைக்கு முன்பு சொல்லிவிடலாம். மீதி நிமிடங்கள் வீணாவதில்லை. பயிற்சி முகாமுக்கு 21 பேர் வரை வருகிறார்கள். பருவம் தொடங்கும்போது 15 பேருக்குத்தான் முழு ஒப்பந்தம், மூன்று பேருக்கு, முதன்மை அணிக்கும் அதன் இளையோர் அணிக்கும் மாறி மாறி ஆடும் இருவழி ஒப்பந்தம். அந்தக் கடைசி இடங்களுக்காக மூச்சைக் கொடுத்து ஆடுபவர்களின் ஆட்டம் எனக்கு மிகவும் பிடித்தமானது.

எந்த ஊரில் ஆடுகிறார்கள் என்பதும் முக்கியம். 2019 அக்டோபரில் சாக்ரமென்டோ கிங்ஸ், இந்தியானா பேசர்ஸ் ஆகிய இரு அணிகள் மும்பைக்கு வந்து இரண்டு முன்பருவ ஆட்டங்கள் ஆடின. இந்தியாவில் நடந்த முதல் என்.பி.ஏ. ஆட்டங்கள் அவை. முதல் நாள் அரங்கை நிறைத்தவர்கள் ஏறத்தாழ மூவாயிரம் பள்ளிப் பிள்ளைகள். டியாரன் ஃபாக்ஸ், டொமான்டாஸ் சபோனிஸ் போன்ற முதன்மை வீரர்கள் ஆட, ஆட்டம் கூடுதல் நேரம் வரை போய் ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் முடிந்தது. சாக்ரமென்டோவில் வாழும் ஒரு ரசிகருக்கு அடுத்த வாரம் இன்னொரு ஆட்டம் உண்டு. அந்தப் பிள்ளைகளுக்கு அந்த ஒரு நாள்தான். 2025 மே மாதம் கிளார்க்குக்குக் காலில் இறுக்கம் ஏற்பட்டபோது, இந்தியானாவில் நடந்த முன்பருவ ஆட்டத்தில் அவர் உட்கார வைக்கப்பட்டார். மறுநாள் அவர் படித்த அயோவா பல்கலைக்கழகத்தின் அரங்கில், பிரேசில் நாட்டு அணிக்கு எதிராக ஆடினார். அப்போது அவர் புதுமுகம் அல்ல. இருப்பினும் யார் மறுபடி பார்க்க முடியும், யாரால் முடியாது என்ற வேறுபாட்டை உணர்ந்த ஏற்பாடாகவே அது எனக்குத் தோன்றியது.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஓய்வு என்றால் ஓய்வு என்றும் காயம் என்றால் காயம் என்றும் அணிகள் தெளிவாகச் சொல்ல வேண்டும். 2019இன் முதல் தேர்வான ஜையான் வில்லியம்சன் நியூ ஆர்லியன்ஸ் பெலிகன்ஸ் அணிக்காக நான்கு முன்பருவ ஆட்டங்களில் சராசரியாக 23.3 புள்ளிகள் எடுத்துவிட்டு, நியூயார்க்கின் மேடிசன் ஸ்குவேர் கார்டனில் நடந்த கடைசி ஆட்டத்துக்கு வரவில்லை. முன்னணி வீரர்களுக்கு ஓய்வு தருவது வழக்கமாகிவிட்ட காலத்தில், முழங்கால் வலி என்ற செய்தியை எவ்வளவு நம்புவது என்று ரசிகருக்குத் தெரியாது. அது உண்மையான காயம். சில நாட்களிலேயே முழங்கால் சவ்வுக்கு அறுவை சிகிச்சை நடந்தது.

அவர் 44 ஆட்டங்களை இழந்து, 2020 ஜனவரி 22 இரவு தம் அணியின் சொந்த அரங்கில் ஸ்பர்ஸ் அணிக்கு எதிராக முதன்முதலாக இறங்கினார். மருத்துவர்கள் வகுத்த கணக்கின்படி சில நிமிடங்கள் ஆடுவதும் வெளியே அமர்வதுமாக மொத்தம் 18 நிமிடங்களே கிடைத்தன. முக்கால்வாசி ஆட்டம் வரை அவர் தயங்கித் தயங்கியே ஆடினார். நான்காம் பகுதியில், சில நிமிடங்களுக்குள், தொலைவிலிருந்து எறியும் மூன்று-புள்ளி எறிவுகள் நான்கையும் தவறாமல் கூடையில் சேர்த்து, தம் அணியின் அடுத்தடுத்த 17 புள்ளிகளையும் அவர் ஒருவரே எடுத்தார். இன்னும் ஐந்து நிமிடங்களுக்கு மேல் மீதமிருக்கையில், வகுத்த நேரம் முடிந்ததென்று அவரை வெளியே அழைத்துக்கொண்டார்கள். பெலிகன்ஸ் 121க்கு 117 என்று தோற்றது. அன்று அரங்கில் இருந்தவர்கள் அவருடைய பெயரைச் சொல்லி முழங்கியது என் காதில் இன்னும் இருக்கிறது.

நன்றி, வணக்கம்.